ஏழுவாய் டீச்சரும் மலைக்குப் போன மாமாவும்

தேவாரத்தில் அந்தக் காலத்தில் முழு வாக்கியம் பேசத் தெரிந்த ஒரே ஆள் ஏழுவாய் டீச்சர்தான். மற்றபடி நாங்கள் எல்லாரும் அரை வாக்கியத்தில் கல்யாணம் முடித்து, அரை வாக்கியத்தில் சண்டை போட்டு, அரை வாக்கியத்தில் சமாதானமும் ஆகிவிடுகிறவர்கள். "என்ன?" "ஒண்ணுமில்ல." "பாத்துக்கிருவமா?" "ம்." இவ்வளவு பேச்சில் எங்கள் ஊரில் ஒரு தோட்டமே கைமாறிவிடும்.

டீச்சரிடம் அது நடக்காது. பால்காரர் காலையில் வாசலில் நின்று, "ஊத்தவா?" என்பார்.

உள்ளேயிருந்து குரல் வரும். "யார்? எதை?"

"நாந்தேன். பாலைத்தேன்."

"ரெண்டையும் சேர்த்துச் சொல்லுங்க."

"நான் பாலை ஊத்தவா?"

"நீங்க பாலை ஊத்துங்க."

டீச்சர் வீட்டைக் கடந்து மற்ற தெருக்களுக்குப் பால் போய்ச் சேருவதற்குள் பாதி வீட்டில் அடுப்பை அணைத்துவிடுவார்கள்.

வாக்கியம் என்றால் எழுவாய் வேண்டும் என்பது அவருடைய கொள்கை. யார் செய்தது என்று தெரியாமல் எதையும் காதில் வாங்கமாட்டார். "அங்கன அடிச்சுக்கிட்டாகளாம்" என்று யாராவது ஓடிவந்து சொன்னால், "எழுவாய் எங்கே?" என்று நிறுத்திவிடுவார். அவருக்கு முன்னால் ஊரில் வம்பு வளராமல் கருகிப்போனது. இந்த எழுவாய் என்ற சொல் ஊர்ச் சனங்களின் காதில் ஏழு வாய் என்று விழுந்தது. அவர் பேசுகிற பேச்சுக்கு ஏழு வாய் இருப்பது நியாயம்தான் என்று எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள். ஏழுவாய் டீச்சர் என்ற பேர் நிலைத்துவிட்டது. பெற்றவர்கள் வைத்த பேர் பள்ளிக்கூடத்தில் சம்பளக் கையெழுத்துக்கு மட்டும் பயன்பட்டது.

பெரியகுளம் பக்கத்துக்காரர். முப்பது வயது இருக்கும். பெண்கள் பள்ளிக்கூடத்து வேலைக்காகத் தனியாக வந்து எங்கள் ஊரில் குடியிருந்தார். நெட்டையான உருவம், வெயிலோ மழையோ விரிக்காத ஒரு குடை. அந்தக் குடை கரும்பலகையைச் சுட்டிக் காட்டுவதற்கு.

நான் அப்போது ஓர் ஏலக்காய்க் கிட்டங்கியில், அதாவது சரக்கு சேர்த்துவைக்கிற இடத்தில், கணக்குப்பிள்ளை. மீசை அப்போதுதான் முளைத்திருந்தது. மலையிலிருந்து மூட்டை மூட்டையாக இறங்குகிற காயை, இருபது முப்பது பெண்கள் முறத்தில் போட்டு, வெடித்தது, கறுத்தது, பச்சை என்று பொறுக்கிப் பிரிப்பார்கள். யுத்தம் நடந்துகொண்டிருந்த வருஷங்கள். பெரியவர்களுக்கும் எழுத்துச் சொல்லிக்கொடுக்கவேண்டும் என்று டீச்சருக்கு எங்கிருந்தோ ஓர் ஆசை பிறந்தது. பள்ளிக்கூடத்துக்கு வரச் சொன்னால் ஒருத்தியும் வரவில்லை. ஆகவே ஒரு மத்தியானம் கரும்பலகையைத் தலையில் வைத்துக்கொண்டு கிட்டங்கிக்கே வந்துவிட்டார்.

மொதலாளி மறுப்பார் என்றுதான் நான் நினைத்தேன். அவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "விடுப்பா. இவளுக வாய் பேசினா கை நிக்குது. அந்தம்மா பேசினா இவளுக வாய் மூடும். நமக்கு லாபந்தானே" என்றார்.

டீச்சர் பலகையை மூட்டை மேல் சாய்த்து, முதல் எழுத்தை எழுதினார். ட.

கருப்பாயி என்று ஒருத்தி. வயதில் மூத்தவள், வாயிலும் மூத்தவள். "ஏந்தாயி, அரிச்சுவடின்னா அ-வுலதானே தொடங்கும். எங்க அண்ணன் அப்படித்தேன் படிச்சாரு" என்றாள்.

"உங்க அண்ணனுக்கு இப்ப வாசிக்கத் தெரியுமா?"

"தெரியாது."

"அ வளைஞ்சு வளைஞ்சு போகும். அதுலயே அவருக்கு வெறுத்திருக்கும். ட-வுக்கு ரெண்டு கோடு போதும். நீங்க ரெண்டு கோடு போடுங்க."

போட்டார்கள். அடுத்து ப, ம. மூன்று எழுத்தும் ஒரு துணைக்காலும் ஒரு புள்ளியும் வந்தவுடனே, "நாம இதை வச்சு ஒரு கதை படிக்கப்போறோம்" என்றார் டீச்சர்.

பெண்கள் முறத்தைக் கீழே வைத்தார்கள். "ராசா கதையா?"

"உங்க தெருவுல ராசா இருக்காரா?"

"இல்ல."

"நரி பேசுமா?"

"பேசாது."

"அப்ப அவங்க ரெண்டு பேரும் நம்ம கதையில வரமாட்டாங்க. நடக்கிறது மட்டும்தான் கதையில நடக்கும்."

இப்படித்தான் பாப்பம்மா பிறந்தாள். ப-வும் ம-வும் காலும் புள்ளியும் போதும். அவளுடைய புருஷன் மாமா. அதற்கு அதைவிடக் குறைவான எழுத்து போதும். எங்கள் பக்கத்தில் புருஷனை அப்படித்தான் கூப்பிடுவது என்பதால் பெண்களுக்கு முகம் சிவந்து, கதை உடனே பிடித்துப்போயிற்று.

கஷ்டம் அடுத்த வாரம் தொடங்கியது. கருப்பாயி முறத்தைத் தட்டிக்கொண்டே கேட்டாள். "இம்புட்டு நாளா பாப்பம்மாவும் மாமாவும் என்னத்தைத் திங்குறாக?"

டீச்சர் யோசித்தார். சோறு எழுத முடியாது, எழுத்து வரவில்லை. கூழும் அப்படியே. களிக்கும் வழியில்லை. கிட்டங்கி முழுக்கக் கவலை படர்ந்தது. ஒரு குடும்பம் கண்ணெதிரே பட்டினி கிடக்கிறது. பட்டினி என்று எழுதவும் எழுத்து இல்லை.

அப்போது மூலையிலிருந்து ராமாயி பேசினாள். ராமாயி அதிகம் பேசாதவள். கல்யாணத்துக்கு முன்னால் குமுளிப் பக்கம் வேலைசெய்திருந்ததால் கொஞ்சம் மலையாளம் தெரியும். "அப்பளத்துக்கு அங்கன பப்படம்னு சொல்லுவாக" என்றாள்.

டீச்சர் குடையைக் கீழே போட்டுவிட்டு, ராமாயியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். அதன் பிறகு அந்தக் குடும்பம் வெகுகாலம் மூன்று வேளையும் பப்படமே சாப்பிட்டது.

டு வந்த அன்றைக்கு வீட்டுக்கு மாடு வந்தது. பெண்கள் அதற்குக் கொட்டில் எங்கே போடுவது என்று சாயங்காலம் வரைக்கும் வாதாடினார்கள். க-வும் ர-வும் ல-வும் வந்த வாரத்தில், 'கடைக்காரர் கம்பில் கல் போட்டார்' என்று தானியக் கலப்பட வாக்கியம் ஒன்று பலகையில் ஏறியது. அதை எல்லாரும் மொதலாளி காதுபட ஒருதரத்துக்குப் பலதரம் சத்தம்போட்டு வாசித்தார்கள். எழுத்துப் படிந்தது, ஆனால் மொதலாளிக்கு உறுத்தியது. டீச்சரை வழிமறித்தார்.

"அந்தக் கடைக்காரர் நாந்தானா?"

"நீங்க ஏலக்காய்க்காரர். ஏ இன்னும் வரலை."

"வந்தா என்னையப் போடுவீகளோ?"

"நீங்க என்ன செய்வீங்களோ, அதைத்தான் நான் எழுதுவேன்."

அன்றிலிருந்து மொதலாளி கூலிப் பெண்களிடம் கொஞ்சம் பதமாகவே பேசினார்.

ன-வும் வந்தது. அன்றைக்கு எழுதிய வாக்கியம்தான் கிட்டங்கியைத் தலைகீழாக்கியது. 'மாமா மலைக்குப் போனார்.'

போனார் என்பது நடந்து முடிந்ததைச் சொல்வது, இறந்தகாலம் என்று டீச்சர் விளக்கிக்கொண்டிருந்தார். இறந்தகாலம் என்ற பேரே பெண்களுக்குப் பிடிக்கவில்லை. ராமாயியின் கை முறத்தின் மேல் அப்படியே நின்றது. அவளுடைய புருஷன் ஆடியில் காய் எடுக்க மலையேறியவர். கூடப் போனவர்கள் இறங்கிவிட்டார்கள், இவரைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. அந்த வருஷம் மலைக்காய்ச்சல் வேறு.

மறுநாள் பெண்கள் வந்தவுடனே கேட்டது ஒன்றுதான். "மாமா வந்துட்டாகளா?"

"இன்னும் இல்லை" என்றார் டீச்சர்.

"எப்ப வருவாக?"

"மாமா வரணும்னா வ வேணும். வ கடைசியில வரும். அதுக்கு முன்னால ச, த, ந எல்லாம் இருக்கு."

போவதற்கு எழுத்து இருந்தது, வருவதற்கு எழுத்து இல்லை. மாமா மலைமேல் மாட்டிக்கொண்டார். அன்று ஒருத்தியும் காய் பொறுக்கவில்லை. மலையில் மழையா, மாமாவிடம் கம்பளி இருக்கிறதா என்றே பேச்சு. மொதலாளி உள்ளே வந்து பார்த்தார். விருதுநகருக்குப் போகவேண்டிய சரக்கு தரையில் குவிந்து கிடந்தது. கோபம் வந்துவிட்டது.

"இன்னையோட நிறுத்தியாச்சு" என்றார்.

"யார்? எதை?" என்றார் டீச்சர்.

"நான். இந்தப் பாடத்தை."

"நல்ல வாக்கியம்" என்று சொல்லிவிட்டு டீச்சர் பலகையைத் தூக்கிக்கொண்டு நடந்தார்.

மொதலாளி ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தார். மறுநாள் பெண்கள் எல்லாரும் நேரத்துக்கு வந்தார்கள், முறத்தை மடியில் வைத்தார்கள், கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். "மாமா வந்தாத்தேன் கை ஓடும்" என்றாள் கருப்பாயி.

"ஏத்தா, அது கதை."

"இருக்கட்டும் மொதலாளி."

மொதலாளி தன்னால் ஆனமட்டும் முயன்றார். திரும்பினார் என்று எழுதினால் என்ன என்றார். த வரவில்லை என்று பெண்களே தள்ளிவிட்டார்கள். இ வந்தாயிற்று என்பதால் 'மாமா மலை மேல் இல்லை' என்று எழுதலாமே என்று நான் ஒரு யோசனை சொன்னேன். "மலையில இல்லைன்னா பெறகு எங்கன போனாக?" என்று கருப்பாயி கேட்டாள். ராமாயி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். நான் கணக்குப் புத்தகத்துக்குத் திரும்பினேன்.

சாயங்காலம் மொதலாளி என்னை டீச்சர் வீட்டுக்கு அனுப்பினார். டீச்சர் சுண்ணாம்புக் கட்டியை ஒரு துணியில் முடிந்துகொண்டிருந்தார். நான் விஷயத்தைச் சொன்னேன். வ-வை மட்டும் வரிசைக்கு முன்னால் கூப்பிட்டு, மாமாவை மலையிலிருந்து இறக்கிவிட்டால் போதும் என்றேன்.

"கணக்குப்பிள்ளை, ராமாயி வீட்டுக்காரர் மலையில இருக்கிறது அந்த வாக்கியம் எழுதுறப்ப எனக்குத் தெரியாது. அவங்க கை நின்னப்பதான் நான் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன். இப்ப நான் மாமா வந்தார்னு எழுதினா, கதையில மட்டும் ஒருத்தர் வீடு வந்து சேர்ந்திருப்பார். நாளைக்கு அந்தம்மா எந்த எழுத்தை நம்பும்?"

"அதுக்காக அவுகளைக் காத்துக் கெடக்கச் சொல்றதா?" என்று மட்டும் கேட்டேன்.

டீச்சர் துணி முடிச்சை அவிழ்த்து, மறுபடி முடிந்தார். பிறகு, "நான் நாளைக்கு வர்றேன்" என்றார்.

மறுநாள் மொதலாளியே வாசலில் நின்று பலகையை இறக்கிவைத்தார். "டீச்சரம்மா, நான் உங்களைக் கேட்டுக்கிறேன். நீங்க அந்த வ-வைக் கொஞ்சம் வெரசாக் கூப்பிடுங்க" என்றார். எழுவாய், செயப்படுபொருள், பயனிலை எல்லாம் சரியாக இருந்தன.

டீச்சர் வ எழுதினார். வா, வி, வு எல்லாம் எழுதிக் காட்டினார். எல்லாரும் எழுதிப் பழகினார்கள். பிறகு பலகையைத் துடைத்து, 'மாமா' என்று மட்டும் எழுதிவிட்டு, சுண்ணாம்புக் கட்டியை ராமாயியிடம் நீட்டினார்.

"எழுவாயை நான் கொடுத்திட்டேன். பயனிலையை நீங்க எழுதுங்க. தெரிஞ்ச எழுத்தை வச்சு, உங்க மனசுக்கு நிசம்னு படுறதை எழுதுங்க."

ராமாயி எழுந்து வந்தாள். வ எழுதினாள், நின்றாள். 'வந்தார்' எழுத இன்னும் இரண்டு எழுத்து வரவேண்டும் என்று நான் மனசுக்குள் கணக்குப் போட்டேன். அவள் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ரு எழுதினாள். வா எழுதினாள். ர் எழுதி, புள்ளியை அழுத்திவைத்தாள்.

'மாமா வருவார்.'

கிட்டங்கி முழுக்கச் சேர்ந்து வாசித்தது. மொதலாளி வாயசைத்துக்கொண்டே கூட்டிப் படித்தார். "ஏம்மா, வந்தார்னுல்ல கேட்டேன்?"

"மொதலாளி வ மட்டுந்தானே கேட்டாக" என்றாள் கருப்பாயி.

"இது எதிர்காலம்" என்றார் டீச்சர். அதற்கு மேல் அன்றைக்கு இலக்கணம் நடத்தவில்லை. முறங்கள் ஆட ஆரம்பித்தன. சரக்கு விருதுநகருக்குப் போய்ச் சேர்ந்தது.

கார்த்திகை பிறந்து சில நாளில், ந-வுக்கும் த-வுக்கும் முறை வருவதற்குள், பாடம் நடந்துகொண்டிருந்தபோது, கிட்டங்கி வாசலில் ஓர் ஆள் வந்து நின்றார். காய்ச்சலில் பாதியாகி, ஒரு கம்பளியைப் போர்த்திக்கொண்டிருந்தார். வண்டிப்பெரியாறு ஆஸ்பத்திரியில் படுத்துக் கிடந்தாராம். ராமாயி முறத்திலிருந்து தலையைத் தூக்கினாள்.

"வந்துட்டாக" என்றாள்.

அவ்வளவுதான் சொன்னாள். டீச்சர் குடையை ஊன்றிக்கொண்டு நின்றார். எழுவாய் எங்கே என்று கேட்கவில்லை.

மறுநாள் ந-வும் த-வும் ஒன்றாகவே நடத்தினார். ஒரு நாளைக்கு ஓர் எழுத்து என்ற சட்டத்தை அவர் மீறியது அந்த ஒரு தடவைதான். 'மாமா வந்தார்' என்று முப்பது பேரும் எழுதினார்கள். கருப்பாயி எழுதிய மாமாவுக்கு மட்டும் ஒரு கால் குறைந்திருந்தது. மலையேறி இறங்கினதில் தேய்ந்துபோச்சு என்றாள்.

அதற்கடுத்த கோடையில் டீச்சருக்கு மாற்றல் வந்தது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைவிடக் கிட்டங்கிப் பெண்கள்தான் அதிகம் அழுதார்கள். மொதலாளி ஒரு பொட்டலம் நல்ல ஏலக்காய் கொடுத்தார். பகலிலேயே கிட்டங்கியைப் பூட்டிவிட்டு எல்லாரும் பஸ் நிற்கிற இடத்துக்கு வந்துவிட்டோம். யுத்த காலத்தில் பெட்ரோல் இல்லாமல் கரியில் ஓடிய பஸ் அது. டிரைவர் பின்னால் இருந்த அடுப்பில் கரியைக் கொட்டினார், கிளீனர் காற்றாடியைச் சுற்றிச் சுற்றி ஓய்ந்தார். பஸ் இருமுமே தவிர நகரவில்லை. மற்ற நாளாக இருந்தால் அதன் ஏழு தலைமுறையையும் திட்டியிருப்போம். அன்றைக்கு அது வெகுநேரம் மக்கர் பண்ணிக்கொண்டு நின்றது. எங்களில் ஒருவர்கூட அதைத் திட்டவில்லை.