சர்வே நைனா எண்ணிய தலைகள்

தமிழ்நாட்டில் அடுத்த பத்து ஆண்டுகளில் எந்த வேலை பெருகும், எந்த வேலை தேயும் என்று சரியாகச் சொல்லக்கூடிய ஆள் ஒரே ஒருவர்தான் இருந்தார். அவர் திருத்தணி மலையில் பக்தர்களுக்கு மொட்டை அடித்துக்கொண்டிருந்தார். இதை விளையாட்டாகச் சொல்லவில்லை. இதே மதிப்பீட்டைத் தயாரிக்கும் சென்னை அலுவலகம் ஒன்றில் இருபத்திரண்டு வருடங்களாக வேலை பார்ப்பவள் நான். எங்களிடம் கணினிகள் உண்டு, குளிர்சாதனம் உண்டு, ஆலோசகர்கள் உண்டு. அவரிடம் ஒரு கத்தியும், காதில் செருகிய பென்சிலும், தினசரி நாள்காட்டியில் கிழித்த தாள்களும் இருந்தன. பல வருடங்கள் அவர் எங்களை முந்தினார்.

முடி காணிக்கை மண்டபத்தில் எல்லோருக்கும் அவர் ‘சர்வே நைனா’. உண்மைப் பெயரை அவர் இறந்த பிறகு ஒட்டிய கண்ணீர் அஞ்சலி சுவரொட்டியில்தான் முதன்முறையாகப் படித்தேன். அது அவருக்குக் கொஞ்சமும் பொருந்தவில்லை.

நான் அவரைச் சந்தித்த நாள் என் டைரியில் இருக்கிறது. தை மாதம், ஞாயிற்றுக்கிழமை, காலை ஒன்பது பத்து. என் கணவருக்குப் பித்தப்பை அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்ததற்காக மொட்டை. அவர் தலையில் ஏற்கெனவே பாதி வேலையை இயற்கை முடித்திருந்தது.

“எந்த வேலைக்குங்க?” என்று கேட்டார் நைனா, தலையில் தண்ணீர் தெளித்துக்கொண்டே.

“வேலைக்கு இல்ல. ஆபரேஷன் நல்லா முடிஞ்சுது,” என்றார் என் கணவர்.

“ஆஸ்பத்திரியா? அது நம்ம கணக்குல வராது. குனிங்க.”

என்ன கணக்கு என்று நான் கேட்டேன். கத்தியை ஓட்டியபடியே விளக்கினார். “வேல கெடைச்சா மொட்ட போடறேன்னு வேண்டிக்கினு போறான். கெடைச்சா வர்றான். இன்னா வேலன்னு நான் கேக்கறேன். நர்ஸுன்னா அதுக்கு ஒரு கோடு, டிரைவர்னா அதுக்கு ஒரு கோடு. போன வருசத் தாளோட வெச்சிப் பாத்தா எந்தத் தல ஏறுது, எந்தத் தல எறங்குதுன்னு தெரிஞ்சி பூடும்.”

என் உத்தியோகம் என்னவென்று அப்போதுதான் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. கத்தி அந்தரத்தில் நின்றுவிட்டது. என் கணவரின் வலப்பக்கம் மொட்டை, இடப்பக்கம் முடி.

“ஆபீசரம்மா, வாத்தியாருக்கு இன்னா போட்டுகீறீங்க?”

“மிதமான வளர்ச்சி.”

“மிதமாவா! வாத்தியார் தலயத் தொட்டு எத்தினி மாசம் ஆவுது தெரியுமா? நர்ஸுக்கு?”

“அதிக வளர்ச்சி.”

“ஆங். அது கரீட்டு. பொம்பளப் புள்ளைங்க வரிசையா வந்து பூமுடி குடுத்துட்டுப் போவுதுங்க.” பூமுடி என்றால் நுனியில் கொஞ்சம் கத்தரித்துக் கொடுப்பது, பெண்கள் பெரும்பாலும் அதோடு நிறுத்திக்கொள்வார்கள்.

வங்கி, காவல்துறை, கொரியர் என்று ஒவ்வொன்றாகப் போனது. என் கடிகாரப்படி பதினெட்டு நிமிடங்கள்.

“யோவ், மீதியயும் எடுத்துட்டுப் பேசுய்யா!” என்று என் கணவர் கத்தினார்.

“சும்மா இருங்க சார். ரெண்டு டிபார்ட்மெண்டு பேசிகினு இருக்குது.”

அதன் பிறகு மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் மலைக்குப் போவது வழக்கமாயிற்று. சாமியைக் கும்பிட்டுவிட்டு, மண்டபத்து ஓரத்தில் நின்று அவருடைய தாள்களைப் பார்ப்பேன். அலுவலகத்தில் இதைப் பற்றி மூச்சு விடவில்லை.

தலையைத் தொட்டே வேலையைச் சொல்வது அவருடைய இன்னொரு வித்தை. அரக்கோணம் கடற்படைத் தளத்திலிருந்து வருபவர்களைக் கண்டால் அலுத்துக்கொள்வார். “இவங்க தலையில எடுக்கறதுக்கு இன்னா கீது?” ஒருமுறை பெண் வீட்டார் பத்துப் பேர் சூழ, ஒரு மாப்பிள்ளை வந்து உட்கார்ந்தார். சாஃப்ட்வேர் வேலை என்றார்கள். நைனா தலையைத் தடவினார்.

“இல்லியே தம்பி, ஹெல்மெட்டு தேஞ்ச எடம் தெரியுதே. நாள் பூரா வண்டில சுத்தறியா?”

மாப்பிள்ளையின் முகம் செத்துவிட்டது. அவர் வீடு வீடாகப் பார்சல் கொண்டுபோய்க் கொடுப்பவர். பெண் வீட்டார் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார்கள். நைனா சோப்பு நுரைக் கையோடு படிவரை பின்னாலேயே ஓடினார். “அய்யா, நில்லுங்க! பத்து வருசத்துக்கு ஏறுற வேலய்யா அது! சாஃப்ட்வேருதான் எறங்கிகினு கீது. நம்பலன்னா தாளப் பாருங்க!” அவர்கள் தாளைப் பார்க்கவில்லை. ஆனாலும் கல்யாணம் நடந்தது. பத்திரிகையை முதலில் நைனாவுக்கு வைத்தார்கள்.

பன்னிரண்டாம் வகுப்பு முடிவுகள் வந்தால் போதும். மதிப்பெண் சான்றிதழோடு பெற்றோர்கள் மலையேறிவிடுவார்கள். கே.ஜி.கண்டிகையில் டீக்கடை வைத்திருந்த ஒருவர், இவர் பேச்சைக் கேட்டு மகளை நர்ஸிங் சேர்த்தார். அந்தப் பெண்ணுக்கு வேலை கிடைத்து, பூமுடி கொடுக்க வந்தபோது நைனா மண்டபம் முழுவதும் லட்டு கொடுத்தார். பெற்ற தகப்பன் அமைதியாக நின்றுகொண்டிருந்தார்.

நைனாவுக்கும் ஒரு மகன் இருந்தான். பெயர் தினேஷ். அவன் பத்தாம் வகுப்பு முடித்த வருடம், கார் தொழிற்சாலைகளுக்குப் போகும் மெக்கானிக்கல் டிப்ளமோ பையன்களின் தலைகளே அதிகம் வந்தன. பையனுக்கு வரைவது பிடிக்கும். அப்பா கோடுகளை எண்ணிப் பார்த்து டிப்ளமோவில் சேர்த்தார். அவன் படித்து முடித்து வெளியே வந்தபோது தொழிற்சாலைகள் ஒப்பந்தத்துக்கு மாறியிருந்தன. பதினோரு மாதம் வைத்துக்கொள்வார்கள். பிறகு அடையாள அட்டையை வாங்கிக்கொண்டு அனுப்பிவிடுவார்கள். தினேஷ் ஃபிட்டராக அப்படி இரண்டு இடம் முடித்து மூன்றாவது இடத்தில் இருந்தான்.

ஊரிலுள்ளவர்கள் தலையையெல்லாம் எடுத்த அந்த மனிதருக்கு ஒரே ஒரு தலைதான் வேண்டியிருந்தது. மகனுக்கு நிரந்தர வேலை கிடைக்கும் நாளில் தன் கையாலேயே மொட்டை அடிப்பதாக வேண்டிக்கொண்டிருந்தார். எங்கள் பேச்சு எங்கே சுற்றினாலும் கடைசியில் அங்கே வந்து நிற்கும்.

“ஆபீசரம்மா, ஃபிட்டருக்கு இன்னா போட்டுகீறீங்க?”

“வளர்ச்சின்னுதான் இருக்கு, நைனா.”

“ஆங். என் தாளும் அதத்தான் சொல்லுது. வந்துரும்.”

எங்கள் அட்டவணையில் அப்படித்தான் இருந்தது. நான் பொய் சொல்லவில்லை.

அவருடைய முறையில் உள்ள பிழை முதல் நாளே எனக்குத் தெரியும். அன்றைய டைரியில் எழுதியும் வைத்திருக்கிறேன். இரண்டு வருடம் வாயைத் திறக்காமல் இருந்தவள், ஒரு ஞாயிற்றுக்கிழமை திறந்துவிட்டேன். அன்று அவர் தன் தாளும் எங்கள் அட்டவணையும் அச்சாக ஒத்துப்போவதாகப் பெருமை பேசிக்கொண்டிருந்தார். துல்லியம் என்பது எனக்கு ஒரு வியாதி.

“நைனா, வேலை கிடைச்சவங்கதான மொட்டை போட வர்றாங்க? கிடைக்காதவங்க உங்ககிட்ட வர்றதே இல்லையே. அவங்கள யாரு எண்றது?”

கத்தியைக் கிண்ணத்தில் போட்டார்.

“உங்க ஆபீசுல எண்றீங்களா?” என்று கேட்டார்.

“இல்ல,” என்றேன்.

மறுநாளிலிருந்து வேலைக்கு ஒரு மணி நேரம் முன்பே வந்து படிக்கட்டில் நின்றார். மலையேறும் இளைஞர்களையெல்லாம் நிறுத்தி, “இன்னா வேலைக்கு வேண்டிக்கப் போறீங்க?” என்று கேட்டார். சிலர் சொன்னார்கள். சிலர், “உனுக்கு இன்னா பெருசு வந்துது, வேல வாங்கித் தரப்போறியா?” என்று சீறினார்கள். அதற்கும் ஒரு கோடு போட்டுக்கொண்டார். தாள்கள் போதவில்லை. வராத தேதிகளையும் கிழிக்கத் தொடங்கினார். ஊர் ஆடி மாதத்தில் இருந்தபோது மண்டபத்து நாள்காட்டி ஐப்பசிக்குப் போய்விட்டது. பக்கத்துக் கடைக்காரர் அதைப் பார்த்துத் தீபாவளிச் சீட்டுக்கு ஆள் சேர்த்தார்.

“வந்து பாருங்க ஆபீசரம்மா, எத்தினி பேருன்னு,” என்று அவர் போனில் கூப்பிட்டதால் ஒரு புதன்கிழமை விடுப்பு எடுத்துக்கொண்டு போனேன். இருவரும் படியேறினோம். பாதி தூரத்தில், நிழல் விழுந்த ஒரு படியில் ஒரு பையன் உட்கார்ந்திருந்தான். கழுத்தில் தொழிற்சாலை அடையாள அட்டையின் நாடா மட்டும் இருந்தது, அட்டை இல்லை. மடியில் சாப்பாட்டுப் பை. அது தினேஷ். அந்த நேரத்தில் அவன் தொழிற்சாலையில் இருக்க வேண்டும். அன்று காலையும் வழக்கம்போல ரயிலுக்குக் கிளம்பியிருந்தான்.

நைனா கத்துவார் என்று நினைத்தேன். அவர் அவனுக்கு ஒரு படி கீழே உட்கார்ந்தார். காதிலிருந்து பென்சிலை எடுத்தார். எல்லோரிடமும் கேட்கும் அதே மரியாதையோடு கேட்டார்.

“இன்னா வேலைக்கு வேண்டிகினு வந்தீங்க, தம்பி?”

தினேஷ் என்னைப் பார்த்தான். பிறகு அப்பாவைப் பார்த்தான்.

“எதுனா சரி, நைனா.”

நைனா தாளைப் பார்த்தார். நர்ஸுக்கு இடம் இருந்தது, டிரைவருக்கு, ஃபிட்டருக்கு இடம் இருந்தது. இதை எங்கே போடுவது என்று அவருக்குத் தெரியவில்லை.

“எடுத்துட்டாங்களா?”

“ரெண்டு மாசம் ஆவுது.”

“தெனம் எங்கடா போற?”

“அரக்கோணம் வரைக்கும் போவேன். அடுத்த வண்டில திரும்பி வந்து இங்க உக்காந்துகினு இருப்பேன். அம்மாகிட்ட சொல்லாத.”

தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். “சாப்டியா?” என்றார். அவன் தலையாட்டி, இல்லை என்றான். சாப்பாட்டு டப்பாவில் எலுமிச்சை சாதம் இருந்தது. இருவரும் அதிலிருந்தே சாப்பிட்டார்கள். எனக்கும் ஒரு பிடி நீட்டினார்கள். வாங்கிக்கொண்டு மேலே போய்விட்டேன்.

அதன் பிறகு நைனா யாரையும் எதுவும் கேட்கவில்லை. தலைகள் வந்தன, குனிந்தன, போயின. வேலை கிடைத்த சந்தோஷத்தில் தாங்களாகவே சொன்னவர்களிடமும், “நல்லா இருங்க,” என்பதோடு நிறுத்திக்கொண்டார். பென்சிலை எங்கோ போட்டுவிட்டார்.

பங்குனி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் போய் அவர் முன்னால் உட்கார்ந்து பின்னலை அவிழ்த்தேன். என் முடி இடுப்புவரை இருந்தது.

“பூமுடியா?” என்று கத்தரிக்கோலை எடுத்தார்.

“மொட்டை.”

“அய்யோ, இன்னா ஆச்சு? சாருக்கு ஒடம்பு மறுபடியுமா?”

“அவரு நல்லா இருக்காரு. இது தினேஷோட வேலைக்கு.”

அவருக்குப் புரியச் சிறிது நேரம் பிடித்தது. “அது இன்னும் கெடைக்கலியே, ஆபீசரம்மா. கெடைச்சப்புறம்தான குடுக்கணும்? இவ்ளோ படிச்சிட்டு முற தெரியாத ஆளா கீறீங்க.”

“முன்னாடியே குடுத்து வைக்கிறேன். அப்புறமாவது முருகன் யோசிக்கட்டும்.”

அவர் எழுந்துபோய்க் கைகளைக் கழுவிக்கொண்டு வந்தார். புது பிளேடு மாட்டினார். பிறகு மிக மெதுவாக எடுத்தார், கீறல்கூட விழவில்லை. முடித்த பிறகும் கையை என் தலைமேலிருந்து எடுக்கவில்லை. பின்னால் வரிசையில் நின்றவர்களும் அவசரப்படுத்தவில்லை.

அடுத்த மாசியில் நெஞ்சுவலி வந்து போய்ச் சேர்ந்தார். தினேஷ் இப்போது கனகம்மாசத்திரம் பக்கம் ஒரு கிடங்கில் இருக்கிறான். அதுவும் பதினோரு மாத ஒப்பந்தம்தான். ஆறு மாதம் முடிந்துவிட்டது. எனக்கு முடி தோளைத் தொடுகிறது. இன்னொரு முறை கொடுக்கலாம் என்று இரண்டு தடவை மலையேறினேன். மண்டபத்தில் நல்ல கைக்காரர்கள் இருக்கிறார்கள், என்னை அவர்களுக்குத் தெரியும், வாங்க என்று இடமும் ஒதுக்கித் தந்தார்கள். ஆனால் வேறொரு கைக்குக் கீழே எப்படிக் குனிவது என்று தெரியாமல் இரண்டு தடவையும் திரும்பி வந்துவிட்டேன்.