பூனை மாதிரி ஒரு வண்டி

கிட்டே வந்து உட்காருங்கள், கண்ணுகளா. கால் நீட்ட இடம் இருக்கிறதா? சரி. இன்றைக்கு உங்களுக்கு ஒரு சைலன்சரின் கதை சொல்கிறேன். வண்டிக்குப் பின்னால் புகை விடுமே, அந்தக் குழாய்தான். கேட்டுக்கொண்டே தூங்கிப் போனாலும் நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, நூலகர் தன் சிவப்பு வண்டியைக் கிளப்பினார். எதிர்ச்சாரித் தையல் கடையில் ஊசி உடைந்தது.

“சார், மறுபடியும் ஊசி போச்சு,” என்று தையற்காரர் வெளியே வந்தார். “சட்டைக் கையைத் தைக்கிற இடத்துல என் கையைத் தைச்சிருப்பேன்.”

நூலகர் இன்ஜினை அணைத்தார். அணைத்த பிறகும் தெருவின் ஜன்னல்கள் கொஞ்ச நேரம் முணுமுணுத்துக்கொண்டிருந்தன.

அவரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நாள் முழுக்கக் கிசுகிசுப்பாகவே பேசிப் பிழைத்த மனிதர். அவருக்கு இருந்தது ஒரே ஒரு ஆசை. ரெண்டே இருக்கை வைத்த, தரையோடு தரையாகப் படுத்திருக்கும் ஒரு பந்தயக் கார். யாரோ ஓட்டி அலுத்த பழைய வண்டி ஒன்று கிடைத்தது. வாங்கிய அன்று, “இந்த மாதிரி வண்டியைக் கையாள ஒரு பக்குவம் வேணும்,” என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னார். ஆனால் ரெண்டாவது கியருக்கு மேல் அவர் இதுவரை போனதில்லை. மறுநாள் அதை நூலகத்துக்கு ஓட்டிப் போனபோது படித்துக்கொண்டிருந்தவர்கள் நிலநடுக்கம் என்று மேஜைக்கு அடியில் புகுந்துவிட்டார்கள். அன்றிலிருந்து வேலைக்குப் பேருந்து. வண்டி ஞாயிறு மட்டும்.

ஆனால் கனவில் அது தினமும் ஓடியது. மேகத்துக்குள் புகுந்து மேகத்திலிருந்து வெளியே வரும். சத்தமே இருக்காது. பெரிய பூனை ஒன்று தூக்கத்தில் மூச்சு விடுகிற மாதிரி மட்டும் ஒரு இரைப்பு.

அன்று மதியமே தெருச் சங்கத் தலைவர் படியேறி வந்தார்.

“எப்பப் பார்த்தாலும் டமடமன்னு ஒரே சத்தம். மனுஷன் வீட்டுல இருக்க முடியலை.”

“வாரத்துக்கு ஒரு தடவை எடுக்கிறதுக்கா எப்பப் பார்த்தாலும்னு சொல்றீங்க?”

“கணக்கெல்லாம் எனக்குத் தெரியாது. மாசக் கடைசிக் கூட்டத்துக்குள்ள அடக்கிக் காட்டுங்க. இல்லேன்னா வண்டி இந்தத் தெருவுல நிக்காது.”

அவர் போனதும் நூலகர் சோபாவில் சரிந்தார். “எவ்வளவு பொய் பாரு. வித்துட வேண்டியதுதான்.”

“விக்கிறதா?” மனைவி சமையலறையிலிருந்து கரண்டியோடு ஓடிவந்தாள். “சத்தத்தைக் குறைங்க. வண்டியை மட்டும் வித்துடாதீங்க.”

தன் கனவை இவளாவது புரிந்துகொண்டாளே என்று அவருக்குக் கண் கலங்கியது.

மறுநாள் மாலை அவர் வண்டியை ஓட்டிப்போன சைலன்சர்காரரின் பட்டறையில் கூரையெங்கும் குழாய்கள் தொங்கின. காற்று வரும்போது அவை ஒன்றையொன்று தொட்டு, கோயில் மணி கனவு கண்ட மாதிரி ஒலித்தன. சைலன்சர்காரர் வெல்டிங் முகமூடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு வண்டிக்கு அடியிலிருந்து எட்டிப் பார்த்தார்.

“எடை, சத்தம், ஓட்டம். மூணும் அண்ணன் தம்பிங்க சார். ரெண்டு பேரைச் சமாதானப்படுத்தினா மூணாவது ஆள் கோவிச்சுக்கிட்டுப் பெட்டியைத் தூக்கிடுவான். உங்களுக்கு யார் வேணும்?”

“சத்தம் போனாப் போதும்பா.”

பெரிய டப்பாவாக ஒன்றை மாட்டிவிட்டார். சத்தம் போயேபோனது. ஆனால் டப்பாவின் கனத்தில் வண்டியின் பின்பக்கம் தரையைப் பார்த்தது. வேகத்தடையில் ஏறி இறங்கும்போதெல்லாம் அடி உரசி, தகரத்தைப் பிறாண்டுகிற சத்தம் வந்தது. புகை வெளியே போக வழியில்லாமல் இன்ஜின் மூக்கடைத்தவர் மாதிரி முனகியது. ரெண்டாவது கியர்க்காரரான நூலகருக்கு இதெல்லாம் பெரிதாகத் தெரியவில்லை.

ரெண்டு நாள் கழித்து மனைவி, காபியை ஆற்றிக்கொண்டே, “சத்தம் போச்சு, கூடவே உயிரும் போச்சேங்க. மேட்டுல ஏறவே மாட்டேங்குது,” என்றாள்.

“உனக்கெப்படித் தெரியும்?”

“கேட்டாலே தெரியாதா?” என்று டம்ளரை நீட்டினாள்.

தெரியும்தான். அவள் காது அப்படி. மாடியில் துணி உலர்த்தும்போதே கீழே பால் பொங்கப் போவது அவளுக்குக் கேட்டுவிடும். நூலகர் மறுபேச்சில்லாமல் பட்டறைக்குக் கிளம்பினார்.

“அப்ப ஓட்டம் வேணும்ங்கறீங்க,” என்றார் சைலன்சர்காரர். டப்பாவைக் கழற்றினார். மெல்லிய தகட்டுக் குழாய் ஒன்றைப் பஞ்சு சுற்றிப் பொருத்தினார். தூக்கிப் பார்த்தால் குழந்தையின் கை மாதிரி லேசு. வண்டி துள்ளியது.

வியாழக்கிழமை மனைவி நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“மூணாவது கியர் போட்டதும் மண்டைக்குள்ள வண்டு பூந்த மாதிரி இருக்குங்க.”

“நான் மூணாவது கியரே போட்டதில்லையே.”

அவள் நெற்றியிலிருந்து கையை எடுத்தாள். “போட்டா அப்படி வரும்னு சொல்றேன். மெல்லிசுத் தகடு அதிராதா?”

இப்படிப்பட்ட மனைவி எத்தனை பேருக்கு வாய்ப்பாள் என்று நூலகர் நினைத்தார். பழைய போர்வைகளைக் கதவுக்குள்ளும் தரைவிரிப்புக்கு அடியிலும் திணித்தார். இரைச்சல் அமுங்கியது, கனம் திரும்பி வந்தது. கனத்தைக் குறைக்க மாற்றுச் சக்கரத்தை இறக்கி வைத்தார், ஜாக்கியை இறக்கினார், பொம்மை நாயையும் இறக்கினார்.

அந்த ஞாயிறு இருக்கையில் உட்கார்ந்தபோதுதான் உண்மை உறைத்தது. தொப்பை ஸ்டீயரிங்கில் முட்டியது. முழங்கால் இடித்தது.

ஒரே வாரத்தில்! நூலகத்தில் ஒருவரை வழியனுப்பும்போது தின்ற கேக்தான் காரணம் என்று அவருக்குத் தோன்றியது. ரெண்டு துண்டு தின்றிருந்தார்.

அன்றிலிருந்து ராத்திரிச் சாப்பாடு இல்லை. மனைவி தட்டோடு பின்னாலேயே நடந்தாள்.

“ஒரு வாய் சாப்பிடுங்க. நீங்க குண்டாகலைங்க.”

“குண்டாகாம எப்படி முட்டும்?”

அவள் தட்டைக் கீழே வைத்தாள். அடுப்பில் எதுவுமில்லாதபோதும் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

மாதக் கடைசி வந்துவிட்டது. நூலகரின் சட்டைக் காலர் கழுத்தைவிட்டு விலகி நின்றது. தொப்பையோ இன்னும் ஸ்டீயரிங்கைத் தொட்டுக்கொண்டுதான் இருந்தது. வண்டியைப் பட்டறையில் விட்டுவிட்டு, ஒரு டயரின் மேல் உட்கார்ந்தார்.

“மூணு பேரையும் ஒரே வீட்டுல குடிவைக்க வழியே இல்லையாப்பா?”

சைலன்சர்காரர் அவரைப் பார்த்தார். இரக்கம் வந்திருக்க வேண்டும். “ஒண்ணு இருக்கு. ஒரு பக்கம் மூடின சின்னக் குழாயைப் பெரிய குழாயோட பக்கத்துல ஒட்டவச்சா, இரைச்சல் அதுக்குள்ள போய் முட்டித் திரும்பி வந்து, தன்னைத்தானே அடக்கிக்கும். கனமும் இல்லை, ஓட்டமும் குறையாது. ஆனா நீளம் சரியா இருக்கணும். அந்த இரைச்சல் எந்தச் சுருதின்னு எனக்குத் தெரியணுமே. வெல்டிங், கிரைண்டர்னு என் காது என்னைக்கோ போச்சு சார்.”

நூலகர் வீட்டுக்கு ஓடினார்.

“அந்த வண்டுச் சத்தம், எப்படி இருக்கும்?”

மனைவி கண்ணை மூடினாள். அவள் உடம்பு லேசாக ஒரு பக்கம் சாய்ந்தது, வளைவில் திரும்புகிற மாதிரி. அப்புறம் உதடு பிரியாமல், “ம்ம்ம்…” என்றாள்.

நூலகர் அந்த “ம்ம்ம்” ஆறிப்போவதற்குள் வாங்கிக்கொண்டு பேருந்தில் ஏறினார். நடத்துநர், “எங்க போகணும்?” என்றார். “ம்ம்ம்,” என்றார் நூலகர். “எங்கய்யா?” “ம்ம்ம்.” பக்கத்தில் இருந்த அம்மாள் எழுந்து வேறு இடம் பார்த்துக்கொண்டாள். எதிரே ஒரு கைக்குழந்தை அவரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மெதுவாகக் கண் சொக்கித் தூங்கிப் போனது. வெளியே மரங்களும் கட்டிடங்களும் அந்த ஒரே சுருதியில் நீந்திப் போயின. வாழ்நாளில் முதல்முறையாக நூலகர் பொது இடத்தில் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். அது அவருக்குப் பிடித்தும் இருந்தது.

பட்டறையில் சைலன்சர்காரர் நூலகரின் நெஞ்சில் உள்ளங்கையை வைத்து அதிர்வைப் பிடித்தார். குழாயைக் கொஞ்சம் அறுப்பார், வாயில் வைத்து ஊதுவார், இன்னொரு கையால் அதைத் தொட்டுப் பார்த்துத் தலையாட்டுவார், மறுபடி அறுப்பார். கடைசியில் நெஞ்சும் குழாயும் ஒரே மாதிரி நடுங்கின.

“ஒட்டிடலாம் சார். நீங்க இனி வாயைத் திறக்கலாம்.”

அது வியாழக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்குத் தெருவே வாசலில் நின்றது. மனைவி மட்டும் தூண் மறைவில் முந்தானையைத் திருகிக்கொண்டிருந்தாள். நூலகர் தொப்பையை உள்ளிழுத்துக்கொண்டு ஸ்டீயரிங்குக்குப் பின்னால் நுழைந்தார்.

வண்டி கிளம்பியதே யாருக்கும் தெரியவில்லை. முதல் கியர். ரெண்டாவது. தெருக்கோடியில், என்ன வந்ததோ அவருக்கு, மூன்றாவதைப் போட்டார். வண்டு இல்லை. பெரிய பூனை தூக்கத்தில் மூச்சு விட்டது. வேகத்தடை ஒரு தலையணை மாதிரி அடியில் வழுக்கிப் போனது. வீடுகள் வெளுத்து மேகமாயின. மேகத்துக்குள் புகுந்து மேகத்திலிருந்து வெளியே வந்தார். கனவா, விழிப்பா என்று அவருக்கே புரியவில்லை. தன் வீட்டு வாசல் எதிரே வந்தபோதுதான் ஒரு சுற்று முடிந்தது தெரிந்தது.

சங்கத் தலைவர் காதைக் குடைந்து பார்த்துக்கொண்டார். சந்தேகம் தீரவில்லை.

“இன்னைக்கு மெதுவா ஓட்டிக் காட்டியிருப்பார். டெய்லர், நீங்கதான் நாள் முழுக்க எதிர்ல உக்காந்திருக்கீங்க. நீங்க சொல்லுங்க.”

தையற்காரர் வாயிலிருந்த ஊசியை எடுத்தார்.

“வியாழனுக்கப்புறம் ஒரு ஊசிகூட உடையலை சார். இன்னைக்கு விடுங்க, நேத்துக் காலையில நம்ம நூலகர் சார் பஸ் ஏறினதும் அவர் வீட்டு அக்கா வழக்கம்போல வண்டியை எடுத்தாங்களே, சீட்டை முன்னால இழுத்த ‘டக்’ மட்டும்தான் கேட்டுச்சு.”

அவ்வளவுதான் கதை, கண்ணுகளா. உங்கள் வீட்டில் யாரும் ஒரு கேக்குக்காகப் பட்டினி கிடக்காமல் இருக்கட்டும். ஆசைப்பட்டவர் எல்லோருடைய காலும் எட்டும்படி உங்கள் வீட்டு இருக்கைகள் முன்னும் பின்னும் நகர்ந்துகொண்டே இருக்கட்டும். நன்றாக இருங்கள்.