சடையனுக்கு ஒரு சீமை ஒப்பாரி

கூற்றுவன் வந்து சென்ற வீட்டில் கருமாதி முடியும்வரை பாட்டுச் சத்தம் எழலாகாது. மலையில் அது மாறாத விதி. அவ்விதியை வென்றே தீருவதென்று ஆதிநாராயணன் உறுதி பூண்டார்.

மனைவி மாணிக்கம்மாளின் அண்ணன் சடையன், புளி உலுக்க ஏறிய மரத்திலிருந்து விழுந்து மாண்டிருந்தான். அவர்களுடன் ஒரே வீட்டில் வாழ்ந்தவன். வீடு இருண்டு கிடந்தது. அவள் கஞ்சியும் தொடவில்லை. ஆதிநாராயணனுக்கும் துக்கம் உண்டு. ஆயினும் பாட்டின்மேல் பற்று என்பது பாடையருகிலும் பல்லைக் காட்டும்.

காவலூர் வானாய்வுக் கூடத்தில் காவல் பார்க்கும் அவருக்கு, ஊர் திரும்பிய வெள்ளைக்கார ஆய்வாளர் ஒரு கேசட்டைக் கொடுத்துச் சென்றிருந்தார். சீமைப் பாட்டுக்காரர் இருவர். ஒருவர் பாடுவார், மற்றவர் மின்சாரப் பெட்டியின் கட்டைகளை அழுத்துவார். “தவிலில்லை, நாயனமில்லை, தையல் மிஷின் ஓடும் ஓசை!” என்று ஆய்வாளர் அதைப் போட்டபோதெல்லாம் பழித்தவர் ஆதிநாராயணனே. இதுவோ அவ்விருவரும் தொடங்கிய நாள்முதல் பாடிப் புகழ்பெற்றவை எல்லாம் கால வரிசையில் திரண்ட தொகுப்பு. ஒரு பக்கம் கேட்டதுமே பழித்த வாய் அடைத்துப்போயிற்று. மறுபக்கம் கேட்குமுன் சாவு விழுந்துவிட்டது.

“இன்னாங்க, டேப்புல கைய வெக்கிறீங்க?”

“ஒப்பாரிடி. சீமையில செத்தவங்களுக்குப் பாடறது. உங்கண்ணனுக்காவப் போடறேன்.”

“ஒப்பாரியா? கொட்டு இன்னாத்துக்கு இந்தக் குதி குதிக்குது?”

“அவங்க ஊர்ல அழுதா அப்டித்தான்.”

மாணிக்கம்மாள் அவரை நெடிது நோக்கினாள். பிறகு வாசலில் நின்று அக்கம்பக்கத்தாரைக் கூவி அழைத்தாள்: “மாதம்மாக்கா, எல்லாரும் வாங்க! எங்கூட்டுக்காரரு எங்கண்ணனுக்குச் சீமை ஒப்பாரி வெக்கிறாரு!”

பெண்கள் தலைவிரித்து வட்டமிட்டு அமர்ந்தனர். நடுவே தலையில் துண்டோடு ஆதிநாராயணன். மறுபக்கம் ஓடிற்று. மொழி ஒருத்திக்கும் விளங்கவில்லை, அழுகை விளங்கிற்று.

“அன்னிக்கு நீங்க கேட்டது சின்னப் பசங்க பீத்திக்கிறதுங்க,” என்றாள் மாணிக்கம்மாள், மூக்கைச் சிந்தி. “இதுல அவனுங்களுக்கு வயசாயிடுச்சு. எதையோ தொலைச்சுட்டானுங்க. பாடறவன் அழுவல. அந்தப் பொட்டிதான் அழுவுது.”

அவர் திகைத்தார். உயிரில்லை என்று தாம் இகழ்ந்த பெட்டியிலேதான் உயிர் ஒளிந்திருந்தது! இனி இதை ஆயுளெல்லாம் கேட்கலாம் என்று உள்ளூரக் குளிர்ந்தார்.

கருமாதியன்று வழக்கப்படி சடையனின் கம்பளியையும் கொடுவாளையும் அவனுக்கென்றே புதைமேட்டில் வைத்தார்கள். மாணிக்கம்மாள் மடியிலிருந்து கேசட்டை எடுத்து அவற்றோடு வைத்தாள்.

“அடியே, அது இன்னாத்துக்கு?” என்று பதறினார் ஆதிநாராயணன்.

“செத்தவனுக்குப் போட்ட ஒப்பாரிய வூட்டுக்குத் திருப்பி எடுத்தாரலாமா, மாதம்மாக்கா?”

“ஆவாது. வூட்டுக்கு ஆவவே ஆவாது,” என்றாள் மாதம்மாள்.

“அது வந்து... ஒப்பாரின்னா...”

“ஒப்பாரி இல்லீங்களா? பின்ன சாவு வூட்டுல இன்னா போட்டீங்க?”

ஊரே அவர் வாயைப் பார்த்தது. அவர் கண் மடைதிறந்தது. மண்ணில் விழுந்து அலறினார். மச்சான்மேல் மனிதருக்கு இத்தனை பாசமா என்று மலையே உருகிற்று.

மாணிக்கம்மாள் குனிந்து, அவர் காதோடு சொன்னாள்: “தாளம் தப்பாம அழுவுங்க.”