பூலாய் ராயலுக்கு ஓர் அம்பாசடர்

கைக்கடிகாரம் வாங்க வந்தவரை ஏற இறங்கப் பார்த்து, "உங்களுக்கு வாட்ச் தேவையில்ல சார், வீட்டுக்குப் போங்க" என்று திருப்பி அனுப்பிய வியாபாரி உலகத்தில் ஒரே ஒருவர்தான். அவர் ஈப்போவில் இருந்தார். இல்லை, வேறொருவரும் இருந்தார் என்று யாராவது சொன்னால் ஆளை நேரில் கொண்டு வந்து காட்ட வேண்டும். வெறும் பேச்சை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

அவருடைய சொந்தப் பெயர் எனக்குத் தெரியாது. கடைத்தெருவில் அவர் பெயர் அம்பாசடர். நான் அப்போது ஒரு அச்சுக்கடையில் போஸ்டர், கல்யாணப் பத்திரிகை எல்லாம் வடிவமைத்துக்கொண்டிருந்தேன். எங்கள் கடைக்குப் பக்கத்தில், நடைபாதைத் தூண் ஓரமாக அவருடைய ராஜ்ஜியம்: ஒரு கண்ணாடிப் பெட்டி, ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, கழுத்து சுளுக்கிய ஒரு மேசை விசிறி. பெட்டிக்குள் நாற்பது கடிகாரங்கள். சீனாவில் ஏதோ ஒரு தொழிற்சாலையில் சொல்லிச் செய்து, முகப்பில் 'பூலாய் ராயல்' என்று பெயர் அச்சடித்து வரவழைத்தவை. அவர் வீடு சிம்பாங் பூலாயில். பூலாய் சரி, ராயல் எதற்கு என்று ஒருமுறை கேட்டேன்.

"பூலாய்னு மட்டும் போட்டா பஸ் டிக்கெட் மாதிரி இருக்கும் லா தம்பி."

ஆரம்பத்தில் அவர் வெறும் 'வாட்ச் அண்ணே'தான். எதிரே இருந்த பேரங்காடியில் ஆடம்பரக் கடிகாரக் கடை ஒன்று திறக்கப்போவதாக அறிவிப்பு வந்த பிறகுதான் கதை மாறியது. மூன்று மாடி உயரத்துக்கு ஒரு படம் தொங்கவிட்டார்கள். தமிழ்நாட்டு நடிகர் ஒருவர் முகவாயில் கையை வைத்து, நாட்டின் எதிர்காலத்தையே யோசிப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார். மணிக்கட்டில் கடிகாரம். திறப்பு விழாவுக்கு அவரே நேரில் வருவார் என்று கீழே எழுதியிருந்தது.

அந்த வாரம் மாரிமுத்து வந்தார். அதே பேரங்காடியின் கார் நிறுத்துமிடத்தில் பாதுகாவலர். வேலை செய்த ரப்பர் தோட்டத்தை வீடமைப்புக்கு விற்றபோது ஈப்போவுக்கு வந்தவர். மூன்று மாதத்துக்கு முன்னால் வாங்கிய பூலாய் ராயலைக் கழற்றிக் கண்ணாடிப் பெட்டி மேல் வைத்தார்.

"அண்ணே, கோவிச்சுக்காதீங்க. இத எடுத்துக்குங்க."

"ஏன், ஓடலையா?"

"நல்லா ஓடுது. மச்சான் புது வீட்டுக்குக் குடி போனாரு, நாங்களும் போயிருந்தோம். எல்லாரும் கைய நீட்டி இது அந்த நடிகர் போடுறது, இது இந்த வெளையாட்டுக்காரர் போடுறதுங்கிறாங்க. ஒன்னோடத யாருப்பா போடுறான்னு கேட்டாங்க."

"நீ போடுறியே."

"நான் போட்டா யாருண்ணே பாக்குறா?"

பணம்கூடத் திருப்பிக் கேட்காமல் அவர் போய்விட்டார். அன்று பிற்பகல் முழுக்க அண்ணன் விசிறியைக்கூடப் போடவில்லை. நாலு மணிக்கு எங்கள் கடைக்குள் வந்து நின்றார்.

"தம்பி, நமக்கு ஒரு அம்பாசடர் வேணும். நம்ம வாட்சக் கட்டிக்கிட்டு விளம்பரப் படத்துல நிக்க ஒரு ஆளு."

வீட்டுக்கு ஒரு பல்பு வேண்டும் என்று சொல்வதைப்போலத்தான் சொன்னார். ஆனால் முகத்தைப் பார்த்தால், கிடைக்கிறவரை சாப்பிடப்போவதில்லை என்பதுபோல் இருந்தது.

முதலில் ஆராய்ச்சி. திறப்பு விழாவுக்குத் தயாராகிக்கொண்டிருந்த அந்தக் கடையின் கண்ணாடியில் ஒட்டியிருந்த விளம்பரப் படங்களுக்கு முன்னால் ஒரு வாரம் நோட்டுப் புத்தகத்தோடு நின்றார். முடிவுகளை என்னிடம் வாசித்துக் காட்டினார். ஒன்று, விலை கூடக்கூட யாரும் சிரிப்பதில்லை. இரண்டு, கடிகாரம் போட்டிருக்கும் ஒருவர்கூட மணி பார்ப்பதில்லை. மூன்று, எல்லாக் கடிகாரத்திலும் மணி பத்து பத்து. முள் இரண்டும் மேலே தூக்கியிருந்தால்தான் கடிகாரம் சிரிப்பதுபோல் இருக்குமாம். நடுவில் பெயரும் மறையாதாம்.

பிறகு சினிமா ஆராய்ச்சி. கைபேசியில் படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்ப்பார். செங்கல் சுமக்கும் கதாநாயகன் கையில் தங்கக் கடிகாரம் மின்னுவதைக் கண்டுபிடித்தார். சண்டைக் காட்சி ஒன்றை எனக்கு நாலு முறை போட்டுக் காட்டினார்.

"பாத்தியா? இந்த அடியில பல்லு போச்சு, மூக்கு போச்சு. வாட்ச் கண்ணாடியில ஒரு கீறல் இல்ல. இது சண்டை இல்ல தம்பி, விளம்பரம்."

அம்பாசடர் கிடைக்கும்வரை தானே அம்பாசடர் என்று முடிவு செய்தார். பெயர் ஒட்டிக்கொண்டது அப்போதுதான். நான்தான் படம் எடுத்தேன். முகவாயில் கை, தூரத்தில் பார்வை, சிரிக்கக் கூடாது. பதினேழு முறை எடுத்தும் பல் வலிக்காரர் போலவே வந்தார். அதைப் பெரிதாக அச்சடித்துத் தூணில் மாட்டினோம். அன்றைக்கே ஒரு அம்மா வந்து, "பல் டாக்டர் எந்த மாடி?" என்று கேட்டார்.

அவர் அசரவில்லை. நாற்பது கடிகாரத்தையும் நிறுத்தி, பத்து பத்தில் வைத்தார். தாப்பா ஊருக்குப் போகவிருந்த பெண் ஒருவர் பெட்டியைப் பார்த்திருக்கிறார். நாற்பது கடிகாரம் சேர்ந்து பொய் சொல்லும் என்று யார்தான் நினைப்பார்? பதினோரு மணிப் பேருந்துக்கு நிறைய நேரம் இருக்கிறது என்று நிதானமாக உட்கார்ந்து நுரைபொங்க ஆற்றிய ஒரு தே தாரிக் குடித்துவிட்டுப் போனார். பேருந்து போய்விட்டது. திரும்பி வந்து அவர் அண்ணனிடம் பேசியது அரை மணி நேரம். மறுநாள் எல்லாக் கடிகாரமும் மறுபடி ஓடின.

அடுத்து, படத்துக்குள் பொருளை நுழைக்கும் திட்டம். நமக்கு சினிமா எடுக்கத் தெரியாது. ஆனால் ஊரில் கல்யாண வீடியோ எடுக்கிறார்களே? தெரிந்த வீடியோக்காரர் ஒருவரைப் பிடித்தார். மாப்பிள்ளைக்குப் பூலாய் ராயல் ஒன்று அன்பளிப்பு. நிபந்தனை ஒன்றே ஒன்று: அவ்வப்போது கையைத் தூக்கிக் கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். மாப்பிள்ளை நல்ல பிள்ளை, சொன்ன சொல் தவறவில்லை. மாலை மாற்றும்போது பார்த்தார். மணப்பெண் வந்து பக்கத்தில் உட்கார்ந்தபோது பார்த்தார். கெட்டிமேளத்துக்குக் கொஞ்சம் முன்னால் மறுபடி பார்த்தபோது, பெண்ணின் அம்மா மேடையேறி வந்து கேட்டார்:

"தம்பிக்கு வேற எங்கயாவது போகணுமா?"

மேடையைச் சமாதானப்படுத்த இரண்டு மாமாக்கள் தேவைப்பட்டார்கள்.

அந்த வருடக் கிறிஸ்துமஸ் நாடகத்தில் அவர் கைவைப்பார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அண்ணன் ஞாயிறு பூசை தவறாதவர். மூன்று ஞானிகளில் ஒருவராக நடிப்பதும் அவர்தான். ஒத்திகையில் எல்லாம் ஒழுங்காக இருந்திருக்கிறார். அன்றைக்கு மேடையில், நட்சத்திரத்தைக் காட்டி வசனம் பேச வேண்டிய இடத்தில், பட்டு அங்கியின் கையைச் சரக்கென்று மேலே ஏற்றினார்.

"நேரமாச்சு. நட்சத்திரம் மறையறதுக்குள்ள பெத்லகேம் போலாம்."

கோயில் முழுக்கச் சிரிப்பு. மாட்டுக்கொட்டிலில் இருந்த மரியாளும் சிரித்துவிட்டார். நாடகம் முடிந்ததும் ஃபாதர் அவரைத் தனியாக அழைத்தார். கூடப் போயிருந்த நான் வாசலில் நின்று கேட்டேன்.

"அந்தக் காலத்துல வாட்ச் இருந்துச்சா?"

"இல்ல ஃபாதர். இருந்திருந்தா இன்னும் சீக்கிரம் வந்து சேர்ந்திருப்பாங்க."

ஃபாதர் அவருடைய மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். பிறகு கேட்டார்: "இதுல தண்ணி புகுமா?"

"ஏன் ஃபாதர்?"

"ஞானஸ்நானம் குடுக்கறப்ப கழட்டி கழட்டி வைக்க வேண்டியிருக்கு."

இப்படியாக ஒன்று விற்றது. ஆனால் ஃபாதர் அங்கியின் கை நீளம். உள்ளே இருப்பது யாருக்கும் தெரியாது. அண்ணனுக்கு அது போதவில்லை. பெரிய இடத்திலேயே கேட்டுவிடுவது என்று தீர்மானித்தார்.

திறப்பு விழா நாள். நடிகர் இரண்டு மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார்கள். அண்ணன் பதினொன்றுக்கே போய் வரிசையில் முதல் பத்துப் பேருக்குள் இடம் பிடித்தார். சட்டைப்பையில் சிவப்புப் பெட்டி, அதற்குள் புதிய பூலாய் ராயல். நானும் பின்னால் நின்றேன். மணி இரண்டு, இரண்டரை, மூன்று. பக்கத்தில் கைக்குழந்தையோடு நின்ற பெண் தரையில் உட்கார்ந்துவிட்டார். மூன்றே முக்காலுக்கு நடிகர் வந்தார். கடையின் ஆள் ஒருவர் வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு, கண்ணாடிப் பேழையிலிருந்து ஒரு கடிகாரத்தை எடுத்து அவர் கையில் மாட்டிவிட்டார். பிறகு ஒவ்வொருவராகப் போய்ப் படம் எடுத்துக்கொள்ளலாம்.

அண்ணன் முறை வந்தது. படத்துக்கு நிற்காமல் ஒரு கேள்வி கேட்டார்.

"சார், மணி என்ன?"

நடிகர் சிரித்துக்கொண்டே கையைத் தூக்கிப் பார்த்தார். பத்து பத்து. சிரிப்பு நின்றது. இன்னொரு முறை பார்த்தார். பேழையில் வைத்திருந்த கடிகாரத்தை ஓடவிடாமலே மாட்டியிருக்கிறார்கள். பக்கத்தில் நின்ற உதவியாளரைத் திரும்பிப் பார்த்தார். உதவியாளர் கைபேசியை எடுத்து, "மூணு அம்பத்திரெண்டு சார்" என்றார்.

அண்ணன் சிவப்புப் பெட்டியை எடுத்து நீட்டினார். "சார், இது ஓடுது. வச்சுக்குங்க."

நடிகர் அதை வாங்கினார். பெட்டியைத் திறந்துகூடப் பார்த்தார். உதவியாளர் அவர் காதில், வேறு கடிகாரம் எதையும் கையில் கட்டக் கூடாது, ஒப்பந்தம் இருக்கிறது என்று சொன்னது முன் வரிசைக்கே கேட்டது. நடிகர் பெட்டியை மூடித் தன் கோட்டுப்பைக்குள் வைத்துக்கொண்டு, "தேங்க்ஸ் அண்ணே" என்றார். அதற்குள் நாலு பேர் அண்ணனைக் கொத்தாகத் தூக்கி வெளியே கொண்டுவந்து விட்டார்கள். சட்டையில் ஒரு பொத்தான் போயிற்று.

எனக்குக் கால் தரையில் படவில்லை. அச்சுக்கடைக்கு ஓடிவந்து, 'நடிகரின் பாக்கெட்டில் பூலாய் ராயல்' என்று கொட்டை எழுத்தில் தயார் செய்துவிட்டேன். அண்ணன் மெல்ல நடந்து வந்து, திரையைப் பார்த்தார்.

"அழிச்சிரு தம்பி."

"ஏண்ணே? நடந்ததுதானே? மாசக்கணக்கா இதுக்குத்தானே அலைஞ்சோம்?"

"நடந்ததுதான். மணி தெரியாம அந்த மனுசன் முழிச்சத நான் பக்கத்துல பாத்தேன். அதப் போஸ்டர் ஆக்க மனசு வரல."

நான் விடவில்லை. "இனிமே இந்த மாதிரி ஒரு ஆள் கிடைப்பாரா?"

"அவருக்கு எதுக்குடா மணி? அவரு வர்ற நேரம்தான் நேரம். ரெண்டுலேர்ந்து நின்னு நின்னு கையப் பாத்தது யாரு? நாமதானே?" பொத்தான் போன இடத்தைத் தடவிக்கொண்டார். "நான் ஆள மாத்தித் தேடிட்டேன்" என்றார்.

மறுநாள் காலை கார் நிறுத்துமிடத்துக்குப் போய் மாரிமுத்துவின் காவல் கூண்டு வாசலில் தன் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். படம் எடுக்க மாரிமுத்து சம்மதிக்கவில்லை. "ஆளுங்க சிரிப்பாங்கண்ணே" என்றார். அண்ணன் அடுத்த நாளும் போனார். அதற்கடுத்த நாள் மழை, குடையோடு போனார். ஐந்தாம் நாள் மாரிமுத்து, "சரி, சீக்கிரம் எடுங்க" என்றார். அண்ணனுக்காக இல்லாவிட்டாலும், அவருடைய நாற்காலி உள்ளே வரும் கார்களுக்கு இடைஞ்சலாக இருந்ததற்காகவாவது.

அந்தப் படம் இன்றைக்கும் என் கண்ணில் நிற்கிறது. வண்டி ஒன்றுக்காகத் தடுப்புக் கம்பியைத் தூக்கிப் பிடித்திருக்கிறார் மாரிமுத்து. முகத்தில் யோசனை எதுவும் இல்லை, வேலைதான் இருக்கிறது. மணிக்கட்டில் பூலாய் ராயல், மணி ஐந்து ஐம்பது. கீழே ஒரே வரி எழுதச் சொன்னார்: 'மாரிமுத்து. ஆறு மணிக்கு முன்னாடியே வந்துடுவார்.'

விடுமுறை நாளில் மாரிமுத்து இஸ்திரி போட்ட சட்டையில் மனைவியோடு வந்து, தூணில் மாட்டியிருந்த அந்தப் படத்தின் முன்னால் நின்றார். மனைவி கைபேசியில் படம் பிடித்தார். யாரோ வழிப்போக்கர் நின்று, "இது யாரு, நடிகரா?" என்று கேட்டார். அண்ணன் நிமிர்ந்து பார்க்காமலே, "எங்க அம்பாசடர்" என்றார். மாரிமுத்து வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். தன் கடிகாரத்தைக் கட்டிக்கொண்டுதான் வீட்டுக்குப் போனார்.

அப்புறம் தூண் போதவில்லை. கேமரன் மலைக்குப் பேருந்து ஓட்டுபவர், விடியலில் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம் கட்டும் அக்கா, மருத்துவமனைத் தாதி என்று வரிசையாகப் படங்கள். வாங்க வருகிறவரிடம், "நீங்க எத்தன மணிக்கு எங்க இருக்கணும்?" என்று கேட்டுவிட்டுத்தான் பெட்டியைத் திறப்பார். ஒருநாள் பெரிய காரில் வந்த ஒருவர் தன் படமும் வர வேண்டும் என்றார். கேள்வியைக் கேட்டார் அண்ணன். "எனக்கென்ன, நான் எப்ப வேணும்னாலும் போலாம்" என்றார் அவர். நான் முதலில் சொன்னேனே, திருப்பி அனுப்பப்பட்டவர், அவர்தான்.

சில வருடம் கழித்து நான் வேலை மாறித் தஞ்சோங் மாலிமுக்குப் போய்விட்டேன். போன வருடம் அண்ணனுக்கு நெஞ்சு வலி என்று செய்தி வந்தது. ஈப்போ மருத்துவமனைக்குப் போனேன். இடது கையில் ஊசி ஏற்றியிருந்ததால் கடிகாரம் வலது கைக்கு மாறியிருந்தது. முகத்தில் ஆக்சிஜன் மூடி இல்லாத நேரமெல்லாம் டாக்டரை அம்பாசடராகச் சம்மதிக்கவைக்கும் முயற்சியில் இருப்பதாகப் பக்கத்துக் கட்டில்காரர் புகார் சொன்னார்.

"வந்துட்டியா?" என்றார் என்னிடம். "உக்காரு. சூசா ஒன்னும் இல்ல, பயப்படாத, சின்ன அடைப்புதான்."

குரல் மெலிந்திருந்தது. பேசிக்கொண்டிருந்தோம். பார்வையாளர் நேரம் இரண்டு மணியோடு முடிகிறது என்று தாதி வந்து சொன்னார். எல்லோரும் எழுந்தார்கள். நானும் எழுந்தேன். அண்ணன் என் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டு, வலது கையைத் தாதிக்கு நேராகத் தூக்கிக் காட்டினார்.

"இன்னும் ரெண்டாகல அக்கா. பாருங்க, அஞ்சு நிமிசம் இருக்கு."

தாதி சுவரைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், அடுத்த கட்டிலுக்குப் போனார். சுவர்க் கடிகாரம் இரண்டைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தது. நான் நாற்காலியைத் திருப்பி, அதற்கு முதுகு காட்டி உட்கார்ந்துகொண்டேன்.