ஈரம் காய்வதற்குள்

லிப்டுக்குள் தட்சிணாமூர்த்தி மூன்று முறை "குட்மார்னிங்" சொன்னார். முன்னால் நின்றிருந்த கிருபாகரன் திரும்பவே இல்லை. கதவு திறந்ததும் கேட்டருகே நிற்கும் பால்காரரிடம் பால் வாங்கப் போய்விட்டார்.

"என் குட்மார்னிங்கை முதுகால வாங்கிக்கிட்டுப் போறான்!"

"மைக்கை விட்டீங்களா அன்னிக்கு? அனுபவிங்க" என்றாள் கூட வந்த மனைவி ரேணுகா.

அயனம்பாக்கத்தில் அந்தக் குடியிருப்பின் சங்கத் தலைவர் தட்சிணாமூர்த்தி. ஆவடித் தொழிற்சாலையில் ஓய்வு பெற்ற கிருபாகரன், பின்பக்க மதில் முழுக்க ஏரியையும் நாரைகளையும் வரைந்திருந்தார். அதன் திறப்பு விழாவில் தலைவரின் வேலை ரிப்பன் வெட்டிவிட்டு உட்காருவது. ஆனால் பேனரில் 'ஃப்ரெஸ்கோ திறப்பு விழா' என்றிருந்தது. தலைவர் உட்காரவில்லை.

"ஃப்ரெஸ்கோ இத்தாலியச் சொல். புத்தம்புதிது என்று பொருள். சுண்ணாம்புப் பூச்சு ஈரமாக இருக்கும்போதே வரைய வேண்டும். சுவர் காயக் காய வண்ணம் அதற்குள்ளேயே ஊறிவிடும். காய்ந்த சுவரில் வரைவது ஸெக்கோ. ஆகவே நண்பர் வரைந்திருப்பது ஃப்ரெஸ்கோவே அல்ல!"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. பேச்சு அரைமணி நேரம் போயிற்று. முடிந்ததும் கிருபாகரன் எழுந்து கைகூப்பினார். அந்தக் கும்பிடுதான் தட்சிணாமூர்த்தியைத் தூங்கவிடவில்லை.

மறுநாளிலிருந்து கிருபாகரன் ஏரிக்கரை நடைக்கு வரவில்லை. போனையும் எடுக்கவில்லை. அப்போதுதான் தலைவருக்கு உறைத்தது: ஏரிக்கரையில் நடப்பவர்கள் ஏராளம், தான் பேசுவதைக் கேட்க இருந்தது ஒரே ஒருவர். பென்ஷன் முதல் சந்திரமண்டலம் வரை எதைச் சொன்னாலும் ஆறு வருடமாகத் தலையாட்டிக்கொண்டு வந்த மனிதர். அவருக்குப் பதிலாக ரேணுகாவிடம் பேசிப் பார்த்தார். அவள் மிக்ஸியைப் போட்டாள்.

மன்னிப்புக் கேட்க முடிவு செய்து, குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் எழுதினார். 'ஸெக்கோ என்பது இழிவல்ல' என்று தொடங்கிய மன்னிப்பு, ஒன்பது பத்தி நீண்டது. சாயங்காலமே பிள்ளைகள் கிருபாகரனுக்கு 'ஸெக்கோ தாத்தா' என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

"இதோட விட்டுடுங்க" என்றாள் ரேணுகா.

"எப்படி விடறது? அவனை ஒரு நிஜ ஃப்ரெஸ்கோ வரைய வெச்சுட்டா பழி தீர்ந்துடும்!"

விடிந்ததும் கொத்தனார் ஜேம்ஸ் ஆட்களோடு வந்தார்.

"மொத்தத்தையும் கொத்திட்டுப் புதுசா சுண்ணாம்பு பூசு."

"இன்னா சார், சோக்கா கீற படத்தைப் போய் ஒடைக்கச் சொல்றீங்கோ? அந்த நாரையப் பாரு, உயிரோட கீது."

"இது மன்னிப்புப்பா. உனக்குப் புரியாது."

"மன்னிப்புக்கு உளி எதுக்கு சார்?" என்று முனகியபடியே ஜேம்ஸ் கொத்தினார். கடைசி நாரை உதிர்ந்தபோது தட்சிணாமூர்த்தி குனிந்து ஒரு துண்டை எடுத்துப் பார்த்தார். நல்ல நாரை. விழாவன்று அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

பூச்சு பளபளத்தது. வெயில் ஏறுவதற்குள் ஆள் வந்தாக வேண்டும். லிப்டுக்குக் காத்திராமல் வண்ணப் பெட்டியோடு மூன்று மாடி ஏறினார். கதவைத் திறந்தது வீட்டு வேலை செய்யும் அஞ்சலை.

"ஐயாவைக் கூப்பிடும்மா! எம்மேல கோபமெல்லாம் அப்புறம் பட்டுக்கட்டும், சுவர் காயுது!"

"கோவமா? ஐயாவுக்கா? விழாவுக்கு மொத நாளே காது மிஷினு ரிப்பேராயி கடைக்குப் போய்ட்ச்சி. ரோட்ல ஹாரன் கேக்காதுன்னு அம்மா கேட்டைத் தாண்டி உடறதில்ல, அதான் வாக்கிங் வர்ல. வாட்ஸப்பு எல்லாம் ஐயா பாக்கறதே இல்ல."

"காது மிஷினா?"

"ஆறு வருசமா கூட நடக்கறீங்கோ, பாத்ததே இல்லியா? 'தலைவரு அரைமணி நேரம் மைக்ல என் படத்தைப் புகழ்ந்தாரு'ன்னு ஐயா சொல்லாத ஆளில்ல சார்... அதைக் காட்டத்தான் திருநின்றவூர்லேர்ந்து வந்த சம்பந்திங்கள இட்டுக்கினு இப்போதான் லிப்ட்ல கீழ போறாரு."