உயரம் பொருத்தமானதாக இருத்தல் வேண்டும்

கடல்வள அறிமுகத் திணைக்களத்தின் யாழ்ப்பாணக் கிளைக் கந்தோர் குருநகரில், கடலுக்கு முந்நூறு கெஜத் தூரத்தில் இருந்தது. யன்னலைத் திறந்தால் கடல் தெரியும். கோவைகளிலுள்ள கடிதங்களுக்கு உப்புக்காற்று ஆகாது என்பதால் யன்னலைத் திறப்பதில்லை. நான் அங்கே லிகிதர். கூட்டங்களில் யார் என்ன சொன்னார்கள் என்று எழுதுவதும், அதை அவர்கள் சொல்லவில்லை என்று பிறகு திருத்துவதும் என் கடமை.

1985ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் கொழும்பிலிருந்து ஒரு சுற்றுநிருபம் வந்தது. கடலுக்குச் செல்ல இயலாத நிலையிலுள்ள பொதுமக்களின் நன்மை கருதி, ஒவ்வொரு கிளையும் பவளப்பாறைக் காட்சித் தொட்டி ஒன்றை நிறுவ வேண்டுமாம். எங்கள் பொதுமக்கள் கடலுக்குச் செல்ல இயலாத நிலைக்கு வந்ததற்குக் காரணம், கடலில் இறங்கக் கூடாதென்று அதே கொழும்பிலிருந்து வந்த வேறொரு கட்டளை. குருநகர் வள்ளங்களெல்லாம் கரையில் கவிழ்ந்து கிடந்தன. ஒரு கந்தோர் கடலைப் பூட்டியது. இன்னொரு கந்தோர் அதில் கொஞ்சத்தை அள்ளிக் கண்ணாடிக்குள் வைத்துக் காட்டச் சொன்னது. இரண்டு கடிதங்களையும் நான் ஒரே கோவையில் போட்டேன்.

தொட்டியின் நீளம் நான்கடி. அகலம் இரண்டடி. உயரம் பொருத்தமானதாக இருத்தல் வேண்டும். தொட்டி நிறுவப்பட்ட தினத்திலிருந்து அதற்குப் பராமரிப்பாளர் ஒருவரை நிரந்தரமாக நியமிக்கலாம். ஏனைய தற்காலிக ஊழியர் அனைவரும் டிசெம்பர் 31உடன் நிறுத்தப்படுவர்.

எங்கள் கந்தோரில் தற்காலிக ஊழியர் ஒரேயொருவர்தான். கிறகோரி. சங்கு குளித்தவர், பவளப்பாறையைக் கையால் தடவியே பெயர் சொல்லக்கூடியவர். ஒன்பது வருடமாகத் தற்காலிகமாகக் கந்தோரைக் கூட்டினார், தற்காலிகமாகத் தேத்தண்ணி போட்டார். கடலும் பூட்டு, இந்த வேலையும் போனால் அவரும் மனைவி மக்டலீனும் மூன்று பிள்ளைகளும் என்ன செய்வார்கள் என்று யாருக்கும் தெரியாது. தொட்டி வந்தால் வேலை, வராவிட்டால் தெரு. இவ்வளவுதான் விடயம். அரசாங்க விடயமாதலால் நாலு மாதம் எடுத்தது.

உயர நிர்ணயக் குழுவின் முதலாவது கூட்டத்துக்கு உதவிப் பணிப்பாளர் தம்பிஐயா தலைமை தாங்கினார். பிரதம லிகிதர் சீவரத்தினமும் தட்டெழுத்தாளர் மீனாம்பிகையும் உறுப்பினர்கள். நான் செயலாளர். தேத்தண்ணி கொண்டுவந்த கிறகோரி, தட்டை வைத்துவிட்டுப் போகாமல் நின்றார்.

"ஐயா, ரெண்டடிக்குக் கொஞ்சம் குறையத்தான் சரி. கை போய் அடியைத் தொட வேணும். பாசி சுரண்ட வேணும், கல்லுச் சரிஞ்சால் நிமித்த வேணும். அதுக்குக் கூட ஆழமெண்டால் வெளிச்சமும் அடிக்குப் போகாது. முருகைக்கல்லு, அதுதான் பவளம், செத்துப்போம்."

சட்டைக் கையைச் சுருட்டி, மேசைக்கு அந்தப் பக்கம் கையை விட்டு, எப்படிச் சுரண்டுவது என்றும் காட்டினார். எல்லோரும் பார்த்தோம். அரை நிமிடத்தில் முடிந்துவிட்ட விடயம் என்று எனக்குத் தோன்றியது.

"உதைக் குறிப்பிலை எழுதாதையும்," என்றார் உதவிப் பணிப்பாளர் என்னிடம். "அவர் குழு உறுப்பினர் இல்லை."

பிறகு பிரதம லிகிதர் தொண்டையைச் செருமினார். அவர் மனையடி சாத்திரம் பார்க்கிறவர். கோப்பாயில் அவரைக் கேளாமல் ஆட்டுக் கொட்டிலும் போடமாட்டார்கள்.

"முதலிலை உது மனையோ கிணறோ எண்டு தெரிய வேணும். தண்ணி நிக்கிறதாலை கிணறு எண்டும் சொல்லலாம். ஆனால் அள்ளுறதில்லை. மீன் குடும்பமாய்க் குடியிருக்குது. ஆகவே மனை."

"மனையெண்டால்?"

"இருபத்திரண்டு அங்குலம் குடியிருப்பாருக்கு வியாதி. இருபத்துமூண்டு பகை. இருபத்துநாலு இடமாற்றம்."

உதவிப் பணிப்பாளர் கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்தார். அந்தக் காலத்தில் தெற்கே இடமாற்றம் என்றால் வீட்டில் ஒப்பாரி வைப்பார்கள்.

"இடமாற்றம் மீனுக்கோ, எனக்கோ?"

"சாத்திரம் குடியிருப்பார் எண்டுதான் சொல்லுது, சேர். கந்தோரிலை ஆர் கூடநேரம் குடியிருக்கினமோ அவைக்கு."

"எந்த ஊருக்கு எண்டு இருக்கோ?"

"இல்லை சேர். அதைக் கொழும்பு தீர்மானிக்கும்."

இரண்டடி நிராகரிக்கப்பட்டது. சாத்திரப்படி அடுத்த நல்ல அளவு நாற்பத்திரண்டு அங்குலம். கீர்த்தியும் வாகன யோகமும் தரும். உதவிப் பணிப்பாளருக்கு அது பிடித்திருந்தது. ஆனால் இரண்டாவது கூட்டத்தில் அவரே ஒரு சிக்கலைக் கண்டுபிடித்தார். தொட்டியை மேசைமேல் வைத்தால், மேல்மட்டத்தில் நீந்தும் மீன் கதிரையில் அமர்ந்திருக்கும் உதவிப் பணிப்பாளரின் தலைக்கு மேலே போகும். அரசாங்க ஊழியருக்கான விதிநூலாகிய தாபனக் கோவையில் மீனுக்குத் தரம் எதுவும் குறிப்பிடப்படவில்லை. தரமற்ற ஒன்று உதவிப் பணிப்பாளருக்கு மேலிருந்து பார்ப்பது ஒழுக்காற்றுக்கு மாறானது.

"அப்ப நிலத்திலை வைப்பம்," என்றார் சீவரத்தினம்.

"அமைச்சர் வந்தால்? குனிஞ்சு பாக்கிறதோ?"

அமைச்சர் குனியாமல் பார்ப்பதற்கு அவருடைய உயரம் தெரிய வேண்டும். "கௌரவ அமைச்சர் அவர்களின் உயரத்தைத் தயவுகூர்ந்து அறியத் தரவும்" என்று நான் கடிதம் எழுதினேன். ஆறு வாரத்தில் பதில் வந்தது. பாதுகாப்புக் காரணங்களை முன்னிட்டு அந்தத் தகவலை வடக்கிலுள்ள கிளைகளுக்கு வழங்குவதற்கில்லை.

நவம்பர் முடிந்தது. கிறகோரி தினமும் காலையில் என் மேசைக்கு வந்து, "ஏதும் முடிவோ, தம்பி?" என்று கேட்பார். "பார்த்துக்கொண்டிருக்கினம், அண்ணை," என்பேன். ஒருநாள் மக்டலீன் கந்தோர்ப் படலையடியில் நின்றா. "தம்பி, உந்த மீனுக்கு இவ்வளவு யோசிக்கினம். எங்களுக்கும் ஒருக்கா யோசிக்கச் சொல்லுங்கோவன்," என்றா. என்னால் அவவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

கடைசியில் நாங்கள் தலைமையகத்திடமே கேட்டோம். டிசெம்பர் இருபதாம் திகதி, ஆச்சரியமாக, புத்தியுள்ள ஒரு பதில் வந்தது. தொட்டியின் உயரம் அதனைப் பராமரிக்கும் நிரந்தர ஊழியரின் கை நீளத்துக்கு மேற்படலாகாது.

கிறகோரி சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு ஓடிவந்தார். "அளவுங்கோ ஐயா!"

உதவிப் பணிப்பாளர் கடிதத்தை இன்னொரு தடவை வாசித்தார். "நிரந்தர ஊழியரின்ரை கை எண்டு கிடக்கு, கிறகோரி. உம்மடை கை தற்காலிகக் கை."

"அப்ப என்னை நிரந்தரமாக்கிப்போட்டு அளவுங்கோ."

"தொட்டி நிறுவினால்தான் நிரந்தரமாக்கலாம்."

"அப்ப தொட்டியை நிறுவுங்கோ."

"உயரம் தெரியாமல் எப்பிடி நிறுவிறது? உம்மடை கையை அளந்தால்தானே உயரம் தெரியும். உம்மை நிரந்தரமாக்கினால்தானே உம்மடை கையை அளக்கலாம்." அவர் நல்ல மனிதர். கண் கலங்கித்தான் சொன்னார். ஆனால் சொன்னார். அதைத் 'தீர்மானம்' என்று நான் எழுதினேன். எனக்கு வெட்கமாக இருந்தது. எழுத்து மட்டும் நடுங்கவில்லை.

நாலு மாதமாக வாய் திறக்காத மீனாம்பிகை அப்போது தட்டெழுத்து இயந்திரத்திலிருந்து தலையை நிமிர்த்தினா.

"சேர், மேற்படலாகாது எண்டுதானே இருக்கு. எவ்வளவு குறையலாம் எண்டு இல்லையே?"

"இல்லை."

"அப்ப இப்போதைக்குப் பூச்சிய அங்குலம் எண்டு வைப்பம். ஆரின்ரை கைக்கும் மேற்படாது."

சீவரத்தினம் சாத்திரத்தைப் புரட்டினார். பூச்சியத்துக்குத் தோசம் எதுவும் சொல்லப்படவில்லை. மீன் யாருடைய தலைக்கும் மேலே போகாது. அமைச்சர் எந்த உயரத்தில் இருந்தாலும் மேலிருந்து பார்க்கலாம். நாலு மாதத்தில் முதல் தடவையாகக் குழு ஏகமனதாகத் தீர்மானித்தது.

டிசெம்பர் 30ஆம் திகதி, நான்கடி நீளமும் இரண்டடி அகலமும் பூச்சிய உயரமும் கொண்ட காட்சித் தொட்டி, அதாவது ஒரு தட்டைக் கண்ணாடி, மேசைமேல் வைக்கப்பட்டது. குத்துவிளக்கு ஏற்றினோம். கிறகோரி தன் வீட்டு மதிலிலிருந்து பெயர்த்து வந்த முருகைக்கல்லை அதன் நடுவில் வைத்தார். உதவிப் பணிப்பாளர் ஒரு செம்பு கடல்நீரை ஊற்றித் தொட்டியைத் திறந்துவைத்தார். நீர் நாலு பக்கமும் ஓடி, சீவரத்தினத்தின் புதுவேட்டியை நனைத்தது. "நல்ல சகுனம்," என்றார் அவர். மத்தியானம் கிறகோரிக்கு நிரந்தர நியமனக் கடிதம் கொடுத்தோம். அவர் அழுதார். நானும் அழுதேன்.

ஜனவரி இரண்டாம் திகதி நான் அளவுநாடாவுடன் போனேன். கிறகோரி கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒரு கதிரையில் இருந்தார்.

"கையை நீட்டுங்கோ, அண்ணை. இனிக் குறை வேலையை முடிப்பம்."

கிறகோரி கையை நீட்டவில்லை. "கை நீளம் எண்டு கிடக்கு. வலக்கையோ, இடக்கையோ?"

"எதெண்டாலும் என்ன?"

"தோளிலை இருந்தோ, கமக்கட்டிலை இருந்தோ? நடுவிரல் நுனி மட்டோ, உள்ளங்கை மட்டோ? பிழையாய் அளந்து நாளைக்குக் கணக்குப் பாக்க ஓடிற்காரர் வந்தால் பதில் சொல்லுறது நான். எழுத்திலை கேட்டு எடுங்கோ, தம்பி."

எழுத்தில் கேட்டோம். பதில் வரும்வரை காட்சி நடந்தது. பள்ளிக்கூடங்கள் வரிசையாக வந்தன. கடற்கரை வீதியால் நடந்து வந்து, கடலைத் தாண்டி, கண்ணாடியைப் பார்த்துவிட்டுப் போயின. பார்வையாளர் புத்தகத்தில் அதிபர்கள் "மிகவும் பயனுள்ளது" என்று எழுதினார்கள். ஒருவர் மட்டும் மீன் எங்கே என்று கேட்டார். அவருக்குக் கலை இரசனை இல்லை என்று மற்றவர்கள் பேசிக்கொண்டார்கள்.

கூட்டம் கூடியதால் உதவிப் பராமரிப்பாளர் பதவி ஒன்று அனுமதிக்கப்பட்டது. அறுநூற்றுப் பதினெட்டு விண்ணப்பங்கள் வந்தன. அவற்றில் ஒன்று என் மனைவியின் தம்பி கனகலிங்கத்தினுடையது. விலங்கியல் பட்டதாரி, பவளப்பாறையைப் பற்றி அறுபது பக்க ஆய்வு எழுதியவன். பூச்சிய உயரத் தொட்டியில் நிரந்தர அனுபவமுள்ளவர் இலங்கையிலேயே ஒருவர்தான் என்பதால், நேர்முகப் பரீட்சையைக் கிறகோரி நடத்தினார். இருபத்தாறு நாள் எடுத்தது. எல்லோரிடமும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்.

"பவளப்பாறைத் தொட்டிக்குச் சரியான உயரம் என்ன?"

அறுநூற்றுப் பதினெட்டுப் பேரும், கனகலிங்கம் உட்பட, ஒரே பதிலைச் சொன்னார்கள்.

"ஐயா சொல்லுற உயரம்."

கிறகோரி கோபத்தோடு எங்கள் அறைக்குள் வந்தார். "கேள்வி வெளியிலை போட்டுது! விசாரணை வைக்க வேணும்!"

"கேள்வி வெளியிலை போகேல்லை, அண்ணை," என்றா மீனாம்பிகை, தட்டெழுத்தை நிறுத்தாமலே. "பதில்தான் எல்லாரின்ரை வீட்டிலையும் முந்தியே கிடந்தது."

விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. செயலாளர் நான். அறுநூற்றுப் பதினேழு பேர் சந்தேகத்துக்கு உரியவர்கள் என்றும், செயலாளரின் மைத்துனனைச் சந்தேகித்தால் குழுவையே சந்தேகிக்க நேரிடும் என்றும் குழு கண்டறிந்தது. கனகலிங்கம் அடுத்த திங்கட்கிழமை வேலையில் சேர்ந்தான். போகும்போது என் மனைவி அவன் நெற்றியில் திருநீறு பூசிவிட்டாள். ஆய்வுப் புத்தகத்தை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போகச் சொல்லி நான் அனுப்பிவைத்தேன்.