அலுமாரிப் பாஷை

“ஓம் எண்டு சொல்லிப்போட்டன்” என்றார் வோல்ட்டர். போனை மேசையில் வைத்தார்.

அடுப்பைத் தணித்துவிட்டு, குசினியிலிருந்து மனைவி பீற்றிஸ் எட்டிப் பார்த்தாள். “என்னத்துக்கு ஓம் எண்ட நீங்க?”

“ஞாயித்துக்கிழமை மாப்பிள்ள வீட்டாக்கள் வாறாங்க. கலியாணப் பேச்சு முழுக்க எங்கட போர்த்துக்கீஸ் பாஷையிலதான் நடக்கவேணுமாம். அப்பிடிப் பேசுற குடும்பமெண்டாத்தான் சம்பந்தமாம். மாப்பிள்ள றோகான் தம்பிதான் தயங்கித் தயங்கிச் சொன்னான். நான் விடுவனா? எங்கட வீட்டில நாயையும் அந்தப் பாஷையிலதான் கூப்பிடுற எண்டு சொல்லிப்போட்டன்.”

“உங்களுக்கு அதில என்ன தெரியும்?”

வோல்ட்டர் நேர்மையாக யோசித்துப் பார்த்தார். இரண்டு ஏச்சும், மார்கழியில் கோயிலில் பாடும் நத்தார்ப் பாட்டு ஒன்றில் பாதியும் தெரியும். ஏச்சு இரண்டும் சம்பந்திக்கு முன்னால் வாயில் எடுக்கக் கூடியவை அல்ல. போர்த்துக்கீசர் வழிவந்த மட்டக்களப்புப் பறங்கியரில் அந்தப் பாஷையைச் சரளமாகப் பேசுகிறவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள். வோல்ட்டர் தச்சுப் பட்டறையில் வாள் இழுக்கப் பழகிய வயதில் இதையும் பழகியிருக்கலாம். பழகவில்லை, என்ன செய்வது?

இந்தச் சம்பந்தம் ஏற்கெனவே இரண்டு தரம் முறிந்தது. முதல் தரம், கடல் மீன் ருசியா வாவி மீன் ருசியா என்று தொடங்கிய பேச்சு முற்றி, மாப்பிள்ளையின் தாய் எடித் குடையைத் தூக்கிக்கொண்டு வாழைச்சேனைக்கு பஸ் ஏறிவிட்டார். இரண்டாம் தரம் வோல்ட்டர் மாப்பிள்ளையை மேலும் கீழும் பார்த்து, “பொடியன் மெலிவுதான், இஞ்ச ரெண்டு மாசம் சாப்பிட்டாத் தேறுவான்” என்றார். அவ்வளவுதான். அன்றிலிருந்து பெரியவர்களுக்குள் பேச்சுவார்த்தை இல்லை. எந்தச் செய்தியும் பிள்ளைகள் வழியாகத்தான். “இதுவும் குழம்பினா எனக்குக் கலியாணமே வேணாம்” என்று மகள் அமண்டா சொல்லிவிட்டாள். அதை அவள் அழாமல் சொன்னதுதான் தகப்பனைக் கலக்கியது.

போன் வந்த அன்று பின்னேரமே வோல்ட்டர் சைக்கிளை மிதித்துக்கொண்டு கூட்டாளி டெரிக் வீட்டுக்குப் போனார். டெரிக் அந்தப் பாஷையிலேயே சண்டை பிடிக்கத் தெரிந்த மனுசன்.

“ஞாயித்துக்கிழமைக்குள்ள பாஷை வராது, வோல்ட்டர்.”

“நாலு சொல்லாவது தாடா.”

“சொல்லெண்டா உனக்கு எவ்வளவோ தெரியுமே. மேசை, கதிரை, அலுமாரி, சாவி, துவாய், சப்பாத்து எல்லாம் போர்த்துக்கீசில இருந்து தமிழுக்கு வந்ததுதானே. ஆனா சொல்ல மட்டும் அடுக்கினாப் பாஷையாகாது, அதுக்கு...”

மீதியைக் கேட்க வோல்ட்டர் அங்கே இல்லை. வீட்டு வாசலில் சைக்கிளைப் போட்டுவிட்டு உள்ளே ஓடினார். “பீற்றிஸ், மேசை, கதிரை எண்டு இவ்வளவு காலமும் நான் போர்த்துக்கீசிலதான் தளபாடம் செஞ்சிருக்கன்!”

விடிந்ததும் அந்தத் தைரியம் போய்விட்டது. தொண்டை கட்டிவிட்டது, ஞாயிற்றுக்கிழமை வாய் திறக்க முடியாது என்று றோகானுக்குச் செய்தி அனுப்பினார். உடனே பதில் வந்தது. பரவாயில்லையாம், ஆன்ரி பேசட்டுமாம்.

“என்னையும் இழுத்துவிட்டாச்சா?” என்றாள் பீற்றிஸ். அவள் தமிழ்க் கத்தோலிக்கக் குடும்பத்துப் பெண். நத்தார்ப் பாட்டில் பாதிகூட அவளுக்குத் தெரியாது. ஆனால் மகள் முகத்தைப் பார்த்தாள், சேலையை இழுத்துச் செருகினாள். “சரி, சொல்லுங்க. கதிரைக்கு என்ன?”

“கதேரோ.”

“அலுமாரிக்கு?”

“அலுமாரா. வாலை மட்டும் மாத்து, ஒருத்தருக்கும் பிடிபடாது.”

வீடு அமர்க்களப்பட்டது. ‘மேசோ’ என்றால் சோறு போடு. ‘சப்பாத்தீ’ என்றால் மகிழ்ச்சி. ‘துவாயோ’ என்றால் ஐயோ பாவம். சனிக்கிழமை வோல்ட்டர் பசியோடு வந்து, “அலுமாரா மேசோ” என்றார்.

“பிழை” என்றாள் பீற்றிஸ். “மேசோதான் முன்னுக்கு வரும்.”

“ஆர் சொன்ன?”

“தெரியா. ஆனா நீங்க சொன்னது பிழை.”

“பிழைதான் டடி” என்றாள் அமண்டா. “கேக்கவே ஒரு மாதிரிக் கிடக்கு.”

வோல்ட்டருக்கு மயிர்க்கூச்செறிந்தது. யாருமே போடாத சட்டம் ஒன்று அந்த வீட்டுக்குள் முளைத்து, மூன்று பேரும் அதற்குக் கட்டுப்பட்டு நின்றார்கள். அன்றைக்கு அவர் பட்டறைப் பக்கமே போகவில்லை, சந்தோசத்தில் மனைவியை நான்கு தரம் அந்தப் பாஷையிலேயே ஏசினார். அவள் ஐந்து தரம் திருப்பி ஏசினாள்.

ஞாயிற்றுக்கிழமை, முந்திய இரண்டு தரத்தைப் போலவே, பஸ் ஸ்டாண்டிலிருந்து இஷாமின் ஓட்டோ எடித்தையும் றோகானையும் ஏற்றி வந்தது. எடித் வாழைச்சேனையில் பாமசி நடத்துகிறவர். கண்டிப்பான பெண்மணி. அன்றும் குடை கையில் இருந்தது.

பீற்றிஸ் வாசலில் கையை விரித்தாள். “சப்பாத்தீ, சப்பாத்தீ. அலுமாரா கதேரோ?”

எடித் குடையை மற்றக் கைக்கு மாற்றினார். வோல்ட்டர் ஓரடி பின்னால் வைத்தார். பிறகு எடித் தலையைச் சாய்த்து, இசைபோல, “பரசித்தா மோலே” என்றார்.

வோல்ட்டருக்குத் தொண்டை கட்டியதே மறந்துபோயிற்று. “சப்பாத்தீ” என்று கத்தினார்.

அதன்பிறகு பேச்சு வெள்ளமாகப் பாய்ந்தது. எடித் நெஞ்சில் கைவைத்து, “சல்புத்தா மோலே, மெத்போ மினா” என்று குரல் தழுதழுக்க ஏதோ சொன்னார். காலஞ்சென்ற கணவரைப் பற்றியாக இருக்க வேண்டும். பீற்றிஸ் அவரைக் கட்டிப்பிடித்து, “துவாயோ, துவாயோ” என்று தானும் அழுதாள். வாவி மீன் குழம்பு பரிமாறியபோது எடித் மிக நீளமாக ஒன்று சொன்னார். அது புகழ்ச்சியோ ஏச்சோ, வோல்ட்டர் பணிவாக, “மேசோ” என்று இன்னொரு துண்டு வைத்தார். எடித் அதையும் சாப்பிட்டார். கலண்டரில் எடித் ஒரு திகதியைத் தொட, எல்லோரும் தலையாட்டினார்கள். கடைசியில் தன் கழுத்துச் சங்கிலியைக் கழற்றி அமண்டாவுக்குப் போட்டு, அவள் நெற்றியில் முத்தமிட்டார். பிள்ளையின் முகத்தைப் பார்த்து வோல்ட்டர் நிஜமாகவே விம்மிவிட்டார்.

ஆனால் மனச்சாட்சி என்று ஒன்று இருக்கிறதே. இவ்வளவு அழகாகப் பாஷை பேசுகிற மனுசியை ஏமாற்றி மகளை அனுப்புவதா? ஓட்டோவில் ஏறப்போன எடித்தை அவர் மறித்தார்.

“எடித் அக்கா, மன்னிச்சுக்கொள்ளுங்க. எனக்கு எங்கட பாஷை தெரியா. நாங்க பேசினதெல்லாம் தளபாடம்.”

எடித் குடையை இறுகப் பிடித்தார். வோல்ட்டர் கண்ணை மூடிக்கொண்டார். அடி விழவில்லை.

“எனக்கு மட்டும் தெரியுமா?” என்றார் எடித், மெல்ல. “நான் சொன்னதெல்லாம் எங்கட பாமசியில இருக்கிற மருந்துகள்.”

“மறுகா ஏன் இந்தப் பாஷைதான் வேணுமெண்டு நிபந்தனை போட்ட நீங்க?”

“நானா? நீங்கதான் போட்டீங்க எண்டு றோகான் சொன்னானே.”

இருவரும் பிள்ளைகளைத் திரும்பிப் பார்த்தார்கள். பிள்ளைகள் இருவரும் ஓட்டோக்காரனைப் பார்த்தார்கள்.

இஷாம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னான்: “போன ரெண்டு தரமும் ஒராள் பேசினது மத்தாளுக்கு நல்லா விளங்கினபடியாலதானே கலியாணம் குழம்பின, அதான் ரெண்டு பேருக்கும் விளங்காத பாஷையில பேச வைங்க எண்டு நான் இவங்களுக்குச் சொன்ன.”